நோட்டிஃபிகேஷன் வரலையா, வந்தும் காட்டலையா? சென்னையில ஆறு பேர் கைக்கு வந்த கேஸ்கள்

ரிச்சி தெரு, போன் சர்வீஸ்

“நோட்டிஃபிகேஷன் வர மாட்டேங்குது”ன்னு போனைக் கொண்டு வர்றவங்க பெரும்பாலும் பேட்டரி செட்டிங்ஸை ஏற்கெனவே நோண்டிப் பார்த்துட்டுதான் வர்றாங்க. அதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்கு விடை தெரியணும். மெசேஜ் போனுக்கு வந்து சேரவே இல்லையா, இல்ல வந்து சேர்ந்தும் போன் காட்டலையா? ரெண்டும் வேற வேற கோளாறு, மருந்தும் வேற.

ஆண்ட்ராய்டு 11-லிருந்து இதுக்கு வழி போன்லேயே இருக்கு. செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், அதுக்குள்ள நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி. வாங்கும்போது ஆஃப்லதான் இருக்கும், ஆன் பண்ணின பிறகு வர்றதைத்தான் பதிவு பண்ணும், நேத்து வந்ததைக் காட்டாது. கடைசி 24 மணி நேரத்துல வந்தது எல்லாம் நேரத்தோட அதுல இருக்கும். அங்கே ஆப் பெயர் இருந்து சத்தம் வரலைன்னா போனுக்கு வந்துருச்சு, காட்டுறதுலதான் தப்பு. அங்கேயும் இல்லை, ஆனா ஆப்பைத் திறந்ததும் எல்லா மெசேஜும் மொத்தமா வந்து கொட்டுதுன்னா, வழியிலேயே நின்னு போயிருக்கு.

சவுகார்பேட்டை மொத்த வியாபாரக் கடை போன் ஒண்ணு. ஆர்டர் மெசேஜ் எதுக்கும் சத்தம் இல்லை. ஹிஸ்டரியில எல்லாமே இருந்துச்சு. யாரோ நோட்டிஃபிகேஷனை அழுத்திப் பிடிச்சு ‘சைலன்ட்’டைத் தொட்டிருக்காங்க, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு 8-லிருந்து ஒவ்வொரு ஆப்பும் தன் அறிவிப்பைச் சேனல் சேனலாப் பிரிச்சு வைக்குது. ஆர்டருக்கு ஒண்ணு, விளம்பரத்துக்கு ஒண்ணு. ஒரு சேனலை நாம சைலன்ட் ஆக்கிட்டா ஆப்பால அதை மறுபடி சத்தம் போட வைக்க முடியாது. அப்டேட் பண்ணினாலும் மாறாது. ஆப் இன்ஃபோ (ஆப் படத்தை அழுத்திப் பிடிச்சா வர்ற விவரப் பக்கம்), அதுல நோட்டிஃபிகேஷன்ஸ் உள்ளே போய், ஒவ்வொரு வகையையும் தனித்தனியாத் திறந்து ‘டீஃபால்ட்’டுக்குக் கொண்டு வரணும். மேலே இருக்கிற பெரிய சுவிட்ச் ஆன்ல இருக்குன்னு பார்த்துட்டு நிறைய பேர் அதோட திரும்பிடுறாங்க.

ஆண்ட்ராய்டு 13-ல இன்னொண்ணு சேர்ந்துச்சு. புதுசா போடுற ஆப், அறிவிப்பு காட்ட அனுமதி கேட்கணும். அவசரத்துல ரெண்டு தடவை ‘வேண்டாம்’ அழுத்தியிருந்தா ஆப் திரும்பக் கேட்காது. நாமதான் செட்டிங்ஸ்ல போய்க் கொடுக்கணும்.

ஓஎம்ஆர், ஆப் டெவலப்பர்

ரிச்சி தெரு அண்ணன் பிரித்துச் சொன்னதில் ‘வரவே இல்லை’ என்ற பக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியாகத் தன் சர்வரோடு பேசிக்கொண்டிருப்பதில்லை. கூகுள் பிளே சர்வீசஸ் என்ற பின்னணி மென்பொருள் ஒரே ஓர் இணைப்பைத் திறந்து வைத்திருக்கும். பெரும்பாலான ஆப்களின் அறிவிப்பு அந்த ஒரே குழாய் வழியாகத்தான் வருகிறது. அந்தக் குழாய் வழக்கமாக 5228 போர்ட்டில் (இணைப்புக்கான எண்ணிட்ட வாசல்) ஓடும், சில நேரம் 5229, 5230, 443. ஆபீஸ் ஃபயர்வால் (நெட்வொர்க் தடுப்பு) 5228, 5229, 5230 போர்ட்களை மூடி வைத்தால் பிரவுசர் நன்றாக ஓடும், வீடியோவும் ஓடும், அறிவிப்பு மட்டும் வராது. இந்தச் சாலையில் இருக்கும் ஆபீஸ்களில் அடிக்கடி பார்க்கும் கேஸ் இது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் நின்றிருந்தது எல்லாம் வந்து விழுந்தால் சந்தேகமே வேண்டாம், போனில் குறை இல்லை. நெட்வொர்க் அட்மினிடம் இந்த நான்கு போர்ட்களையும் வெளிச்செல்லும் டிசிபிக்குத் திறக்கச் சொல்லுங்கள். ஐபோனுக்கு 5223, 443, ஆப்பிளின் 17.0.0.0/8 முகவரித் தொகுதி முழுவதும்.

அடுத்தது ஃபோர்ஸ் ஸ்டாப், அதாவது ஆப் இன்ஃபோவில் ஆப்பை முழுதாக நிறுத்தும் பட்டன். ஓர் ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்தால், அதைக் கையால் மறுபடி திறக்கும் வரை அதற்கு எந்த அறிவிப்பும் போகாது. ஆண்ட்ராய்டின் விதியே அப்படித்தான். சில போன்களில் ரீசன்ட்ஸில் (கடைசியாகத் திறந்த ஆப்களின் பட்டியல்) மேலே தள்ளி மூடுவதே ஃபோர்ஸ் ஸ்டாப்புக்குச் சமம். பேட்டரி மிச்சமாகும் என்று நம்பி எல்லா ஆப்பையும் தள்ளித் தள்ளி மூடுபவர்களுக்கு அறிவிப்பு வராமல் போவது இதனால்தான். ‘கிளீனர்’, ‘பூஸ்டர்’ ஆப்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள்.

போன் மாற்றியவர்களுக்கு ஒன்று. சர்வர் உங்கள் போனை ஒரு டோக்கனை, அதாவது அடையாளக் குறியீட்டை, வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. புதுப் போனில் ஆப்பை ஏற்றினால் டோக்கன் மாறிவிடும். சர்வரிடம் பழையதே பதிவில் இருந்தால் அனுப்புவது உங்களுக்கு வந்து சேராது. ஆப்பில் லாக் அவுட் செய்து மறுபடி லாக் இன் செய்தால் பெரும்பாலும் புது டோக்கன் பதிவாகிவிடும்.

தப்பு எங்கள் பக்கமும் இருக்கும், அதையும் சொல்லியாக வேண்டும். அனுப்பும்போது ‘ஹை பிரையாரிட்டி’, ‘நார்மல்’ என்று இரண்டு உண்டு. நார்மலில் அனுப்பியது, தூங்கும் போனை எழுப்பாது. போன் தானாக விழிக்கும் இடைவெளி வரை காத்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஓர் ஆப் மட்டும் தாமதமானால் அந்த ஆப்பின் ஆட்களிடம் இதைக் கேளுங்கள்.

வேளச்சேரி, டெலிவரி ஹப்

எங்க பசங்களுக்கு ஆர்டர் சத்தம் வரலைன்னா அன்னைக்கு வருமானம் போச்சு. அதனால புதுசா சேர்ற ஒவ்வொருத்தர் போனையும் முதல் நாளே வாங்கிப் பார்த்துடுறது வழக்கம்.

சியோமி, ரெட்மி, போக்கோ: ஆப் இன்ஃபோவுல ‘ஆட்டோஸ்டார்ட்’ ஆன். பேட்டரி சேவர்ல ‘நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’. பிறகு ரீசன்ட்ஸ்ல அந்த ஆப்பை அழுத்திப் பிடிச்சுப் பூட்டுப் படத்தைத் தொட்டுடணும். மூணுல ஒண்ணு விட்டாலும் மதியத்துக்குள்ள ஆப் தூங்கிடும்.

சாம்சங்: பேட்டரி, பேக்கிரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ், அதுல ‘நெவர் ஸ்லீப்பிங் ஆப்ஸ்’ல சேர்க்கணும். ‘டீப் ஸ்லீப்பிங்’ பட்டியலையும் திறந்து பாருங்க. ரொம்ப நாள் தொடாம விட்ட ஆப் தானா அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

ஓப்போ, ரியல்மி: ஆப் இன்ஃபோவுல பேட்டரி யூசேஜ், ‘அலோ பேக்கிரவுண்ட் ஆக்டிவிட்டி’, ‘அலோ ஆட்டோ லாஞ்ச்’ ரெண்டும். விவோவுல பேட்டரிக்குள்ள பேக்கிரவுண்ட் பவர் கன்சம்ப்ஷன் பக்கத்துல அனுமதி கொடுக்கணும், ஆட்டோஸ்டார்ட் தனியா இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். செட்டிங்ஸ்ல மேலே இருக்கிற தேடல் பெட்டியில ‘ஆட்டோ’ன்னு அடிச்சா சீக்கிரம் கிடைக்கும்.

ஊருக்குப் போய் நாலஞ்சு மாசம் கழிச்சு வேலைக்குத் திரும்புறவங்களுக்கு வேற சிக்கல். ஆண்ட்ராய்டு 12-லிருந்து பல மாசம் திறக்காத ஆப்பைப் போன் உறங்க வெச்சுடும், அனுமதிகளையும் பறிச்சுடும். ஆப் இன்ஃபோவுல கீழே ‘பாஸ் ஆப் ஆக்டிவிட்டி இஃப் அன்யூஸ்ட்’னு இருக்கிறதை ஆஃப் பண்ணிட்டு, லொக்கேஷன், நோட்டிஃபிகேஷன் அனுமதிகளைத் திரும்பக் கொடுங்க.

டேட்டா சேவர் ஆன்ல இருந்தா ‘அன்ரெஸ்ட்ரிக்டட் டேட்டா’வுல ஆப்பைச் சேர்க்கணும். பேட்டரி சேவர் எத்தனை சதவீதத்துல தானா ஆன் ஆகுதுன்னும் பாருங்க. சாயங்கால கூட்ட நேரத்துல சார்ஜ் இறங்கும்போதுதான் அது வேலையைக் காட்டும். சிஸ்டம் அப்டேட் வந்த மறுநாள் இது எல்லாத்தையும் ஒரு முறை திரும்பப் பார்த்துடுங்க.

பெரம்பூர், மொபைல் கடை

எதுவும் பலிக்கலைன்னா ‘ரீசெட் ஆப் பிரிஃபரன்சஸ்’ அடிச்சா போதும், எல்லாம் ஒரே தடவையில சரியாகிடும். போட்டோ, மெசேஜ் எதுவும் அழியாது.

ரிச்சி தெரு, போன் சர்வீஸ்

அழியாது, உண்மைதான். ஆனா அதை முதல்ல அடிக்காதீங்க சார். டிசேபிள் பண்ணி வெச்ச ஆப் எல்லாம் திரும்ப உயிர் பெறும், டீஃபால்ட் பிரவுசர், டயலர் எல்லாம் மாறும். வயசானவங்க போன்ல செஞ்சா மறுநாள் “போனே மாறிப் போச்சுப்பா”ன்னு வந்து நிப்பாங்க. எந்தச் செட்டிங் தப்பா இருந்துச்சுன்னும் தெரியாமப் போயிடும், அடுத்த மாசம் அதே கோளாறு வரும். கடைசிக் கைவேலையா வெச்சுக்குங்க. தேதி, நேரம் ஆட்டோமேட்டிக்ல இருக்கான்னு அதுக்கு முன்னாடி பாருங்க. கடிகாரம் ரொம்பத் தள்ளி ஓடினா பாதுகாப்பு இணைப்பே உண்டாகாது, அறிவிப்பும் வராது.

அண்ணா நகர், ஐபோன் சர்வீஸ்

ஐபோனில் பேட்டரி காரணமாக அறிவிப்பு நிற்பது அரிது. காட்டுவதில்தான் தகராறு. முதலில் ஃபோகஸ், அதாவது தொந்தரவு வேண்டாத நேரத்தில் அறிவிப்பை அடக்கும் வசதி. ஐஓஎஸ் 15-லிருந்து ‘ஷேர் அக்ராஸ் டிவைசஸ்’ ஆன் இருந்தால், வீட்டில் பிள்ளை ஐபேடில் ‘டு நாட் டிஸ்டர்ப்’ போட்டால் அதே ஆப்பிள் ஐடி உள்ள அப்பாவின் ஐபோனும் வாயை மூடிக்கொள்ளும். ஐபோனை மட்டும் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் காரணம் கிடைக்காது. அடுத்து ‘ஷெட்யூல்டு சம்மரி’. அதில் சேர்ந்த ஆப்பின் அறிவிப்பு குறித்த நேரத்தில் மொத்தமாகத்தான் வரும்.

ஆப்பிள் வாட்ச் கட்டியிருப்பவர்களுக்கு, போன் பூட்டிய நிலையில் இருந்தால் அறிவிப்பு வாட்சுக்குத்தான் போகும், போனில் சத்தம் வராது. சத்தம் திடீரென்று தணிகிறது என்று சொல்பவர்கள் ஃபேஸ் ஐடி பக்கத்தில் ‘அட்டென்ஷன் அவேர்’ என்பதைப் பாருங்கள். நாம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போன் ஒலியைத் தானே குறைக்கும். ஆப்பிளின் மெயில் ஆப்பில் ஜிமெயில் கணக்கு வைத்திருந்தால் அது சர்வரே உடனே அனுப்பும் புஷ் இல்லை, இடைவெளி விட்டுப் போய் எடுத்து வரும் ஃபெட்ச். உடனே வர வேண்டுமென்றால் ஜிமெயில் ஆப்பையே போட்டுக்கொள்ளுங்கள்.

ஓஎம்ஆர், ஆப் டெவலப்பர்

வாட்ஸ்அப் பற்றியும் ஒன்று: ஆர்க்கைவ் செய்த சாட்டில் புது மெசேஜ் வந்தால் அறிவிப்பு வராது. குரூப்பில் உங்கள் பெயரைக் குறிப்பிட்டாலோ, உங்களுக்குப் பதில் போட்டாலோ தவிர. ஆபீஸ் போனில் வொர்க் புரொஃபைலை (வேலை ஆப்களைத் தனியாக வைக்கும் பகுதி) ‘பாஸ்’ செய்திருந்தால் பெட்டி அடையாளம் போட்ட ஆப் எதுவும் பேசாது.

மடிப்பாக்கம், கேபிள் இன்டர்நெட்

மழைக்காலத்துக்கு ஒரு கேஸ் சேர்க்கிறேன். கரன்ட் போகும்போது வீட்டு ரவுட்டர் இன்வெர்ட்டர்ல ஓடிக்கிட்டே இருக்கும், ஆனா தெருவுல இருக்கிற எங்க பெட்டிக்குக் கரன்ட் இருக்காது. போன்ல வைஃபை கோடு முழுசா நிக்கும், இன்டர்நெட் மட்டும் இருக்காது. போன் வைஃபையையே பிடிச்சுத் தொங்கினா அறிவிப்பு எதுவும் வராது. வைஃபை செட்டிங்ஸ்ல ‘ஸ்விட்ச் டு மொபைல் டேட்டா’ன்னு இருக்கிறதை ஆன் பண்ணி வைங்க. ஐப்பசி பிறக்கிறதுக்கு முன்னாடியே செஞ்சுடுங்க. அரசாங்கம் அனுப்புற பேரிடர் எச்சரிக்கை வேற வகை. அது டவர்லேருந்து நேரா வரும், இன்டர்நெட் வேண்டாம். ஆனா ‘வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்’ ஆன்ல இருக்கணும், அதையும் பார்த்துக்குங்க.

வேளச்சேரி, டெலிவரி ஹப்

சரி பண்ணின பிறகு சோதிக்கிற முறையிலதான் பலர் ஏமாந்துடுறாங்க. போனைச் சார்ஜர்ல சொருகி, கையில வெச்சுக்கிட்டு டெஸ்ட் மெசேஜ் போட்டா கண்டிப்பா வரும். சார்ஜ் ஏறும்போதும் திரை எரியும்போதும் போன் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போறதில்லை. சார்ஜரைக் கழட்டி, திரையை அணைச்சு, மேசை மேல அசையாம ஒரு மணி நேரம் விடணும். பிறகு வேற போன்லேருந்து மெசேஜ் போட்டு, திரையைத் தொடாம ரெண்டு நிமிஷம் காத்திருங்க. முதல்ல வைஃபைல ஒரு தடவை, அப்புறம் டேட்டாவுல ஒரு தடவை. ரெண்டுலயும் சத்தம் வந்தாத்தான் நாங்க போனைத் திருப்பிக் கொடுக்கிறது.