ஹவாய் மங்க் சீலுக்காகத் தெருப்பூனைகளைப் பிடிப்பது சரியா?

கடற்காகம்:
ஹவாய்த் தீவுகளில் மட்டுமே வாழும் மங்க் சீல் என்ற கடல்நாய் இனம் மொத்தமே சுமார் 1,600தான் மிச்சம். அதில் 1,200 போல ஆள் நடமாட்டம் இல்லாத வடமேற்குத் தீவுகளில் இருக்கின்றன, மீதி 400 மக்கள் வாழும் பெரிய தீவுகளில். இந்த 400க்கு இப்போது பெரிய எமன் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. அது பூனை இனத்தின் குடலில்தான் முட்டையிடும், மலத்தோடு மண்ணில் விழும், மழை பெய்தால் ஓடை வழியாகக் கடலுக்குப் போய்ச் சேரும். 2001 முதல் பத்துக்கும் மேற்பட்ட சீல்கள் இதனால் செத்திருக்கின்றன, 2018 மே மாதம் ஓவாகு தீவில் மட்டும் மூன்று. என் நிலைப்பாட்டைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கரையோரத்தில் பூனைகளுக்குத் தீனி வைப்பதைத் தடை செய்ய வேண்டும், பூனைகளைப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும்.

பூனைக்காரி:
ஆரம்பித்துவிட்டீர்களா! இருபது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு பத்துச் சொச்சம் சாவுக்குப் பூனையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். வலையில் மாட்டி மூச்சு முட்டிச் செத்தவை, தூண்டில் முள்ளை விழுங்கியவை, துப்பாக்கியால் சுடப்பட்டவை எல்லாம் எந்தக் கணக்கில்? 2009இல் கவாய் தீவில் கர்ப்பமாக இருந்த ஒரு சீலை ஒருவர் சுட்டுக் கொன்றார், தண்டனை 90 நாள் சிறை, அவ்வளவுதான். இன்னொன்று, ஒரு பூனை பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே தடவை, ஒன்றிரண்டு வாரம்தான் அந்த முட்டைகளை வெளியேற்றும். கருத்தடை செய்து அதே இடத்தில் விட்டால் கூட்டம் தானாகக் குறையும். சோற்றை நிறுத்தினால் அவை மாயமாகப் போய்விடாது, பசியில் ஊரெல்லாம் சிதறிப் பறவைகளைப் பிடித்துத் தின்னும்.

கடற்காகம்:
ஒன்றிரண்டு வாரம் என்பது சரி, ஆனால் அந்த வாரங்களில் ஒரே பூனை கோடிக்கணக்கில் முட்டைகளைக் கொட்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. ஈர மண்ணில் அவை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பெரும்பாலும் தொற்று பிடிப்பது வேட்டையாடப் பழகும் இளம் பூனைகளுக்கு, குட்டிகளோ பிறந்துகொண்டே இருக்கின்றன, அதனால் கூட்டத்தில் அநேகமாக எல்லாவற்றுக்கும் கருத்தடை செய்தால் ஒழிய பயனில்லை. ஊரார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் புதுப் பூனைகளுக்கு என்ன செய்வீர்கள்?

2009க்குப் பிறகு சட்டம் மாறிவிட்டது, 2010இல் மாநிலம் சீலைக் கொல்வதற்கு ஐந்தாண்டு வரை சிறை என்று கொண்டுவந்தது. முள் குத்திய சீலைக் கரையில் பார்த்தால் மயக்க மருந்து கொடுத்து முள்ளை எடுத்துவிடலாம், அப்படிப் பிழைத்தவை எத்தனையோ. ஆனால் இந்த ஒட்டுண்ணி நோயில் அறிகுறி தெரியும்போதே பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. அதிலும் பெண் சீல்கள்தான் அதிகம் சாகின்றன. 400 பேர் உள்ள குடும்பத்தில் குட்டி போட வேண்டிய ஒரு பெண் போனால், அவளோடு இனி பிறக்க வேண்டிய குட்டிகளும் போயின.

கரைவலை:
இருவரும் பூனையிலேயே நிற்கிறீர்கள், அங்கே உள்ள மீனவனின் கோபம் யாருக்கும் தெரியவில்லை. 1994இல் வடமேற்கில் உள்ள லேசான் தீவில் ஆண் சீல்கள் கூட்டமாகச் சேர்ந்து பெண்களைக் கடித்துக் குதறியதால் 21 ஆண்களைப் பிடித்துப் பெரிய தீவுகளின் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். உள்ளூர்க்காரன் 'தாத்தா காலத்தில் இல்லாத மிருகத்தை அரசாங்கம் கொண்டுவந்து என் கரையில் போட்டது' என்கிறான். தூண்டிலில் மாட்டிய மீனைப் பிடுங்கிக்கொண்டு போகிறது, மணலில் வந்து படுத்தால் சுற்றிக் கயிறு கட்டி 'கிட்டே வராதே' என்று விரட்டுகிறார்கள். அவனிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

கடற்காகம்:
கேட்டிருக்க வேண்டும், அதில் வாதம் இல்லை. ஆனால் வந்த 21உம் ஆண்கள் ஐயா, குட்டி போட்டது யார்? பெரிய தீவுகளில் ஒன்றான நீஹாவ் தீவில் அதற்கு முன்பே சீல்கள் இருந்தன. மனிதன் குடியேறிய பிறகு பெரிய தீவுகளிலிருந்து விரட்டப்பட்ட மிருகம் திரும்பி வந்திருக்கிறது. சாப்பாடு விஷயமும் அப்படித்தான், முதுகில் கேமரா ஒட்டிப் பார்த்தார்கள், பெரும்பாலும் கடலடியில் கல்லைப் புரட்டி விலாங்கு, கணவாய், சின்ன மீன் என்று தேடுகிறது.

சும்மா வந்தவன்:
ஒரு சந்தேகம். 1,200 இருக்கும் இடத்தில் பூனையே இல்லையே, அங்கே ஏன் குறைந்தது? அங்கே கவனித்தால் போதாதா?

ஆழி:
அங்கே வேறு கதை. இளம் சீல்கள் பட்டினியில் மெலிந்து சாகின்றன, மிதந்து வரும் வலைத் துண்டுகள் கழுத்தை அறுக்கின்றன, ஃபிரெஞ்ச் ஃபிரிகேட் ஷோல்ஸ் என்ற பவளத்திட்டுக் கூட்டத்தில் கலபகோஸ் சுறாக்கள் கரையோரம் வந்து குட்டிகளைத் தூக்குகின்றன. எல்லாவற்றையும் விட மோசம், குட்டி போடும் மணல் திட்டே காணாமல் போகிறது. வேல்ஸ்கேட் திட்டு 1990களில் போனது, 2018இல் வலாக்கா புயல் ஈஸ்ட் தீவைக் கிட்டத்தட்ட வழித்துவிட்டது. உயரமான பெரிய தீவுகள்தான் இனி நிலையான தரை, பூனைப் பிரச்சினை முக்கியமாவது அதனால்தான். 2013 முதல் ஆண்டுக்கு இரண்டு சதவீதம் போல எண்ணிக்கை ஏறுகிறது என்றால், அது சும்மா வந்ததில்லை: வலையை அறுத்துவிடுவது, குட்டியைச் சுறா வராத திட்டுக்கு மாற்றுவது, பெரிய தீவுப் பக்கம் கோனா ஊரில் சீல் மருத்துவமனை, 2016 முதல் (பூனை ஒட்டுண்ணிக்கு அல்ல, வேறொரு வைரஸ் நோய்க்கு) தடுப்பூசி. இதன் கரீபியன் பங்காளியைக் கடைசியாகப் பார்த்தது 1952இல், 2008இல் அழிந்த இனம் என்று அறிவித்து முடித்துவிட்டார்கள்.

பூனைக்காரி:
ஆழி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், முடிவை ஒத்துக்கொள்ள மாட்டேன். 'அப்புறப்படுத்து' என்றால் கொல்வது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள் கடற்காகம். லானாய் தீவில் வேலி போட்ட காப்பகத்தில் நூற்றுக்கணக்கான பூனைகளை வைத்திருக்கிறார்கள், பறவைகளும் பிழைத்தன, பூனைகளும் பிழைத்தன.

கடற்காகம்:
லானாய் சின்னத் தீவு, ஓவாகுவில் பூனைகள் லட்சக்கணக்கில் என்கிறார்கள். காப்பகம் கட்ட முடிந்த அளவுக்குக் கட்டட்டும், இடம் கிடைக்காதவற்றைக் கொல்லத்தான் வேண்டும், வாய்விட்டே சொல்கிறேன். அதுவரை ஓடைக்கரையில் தீனித் தட்டு வைக்காதீர்கள்.

கரைவலை:
வேலிக்குக் காசு யார் தருவார்கள் என்பதையும் பேசுங்கள். மீன்பிடிப்பவன் தலையில் கட்டினால், அவன் சீலையும் வெறுப்பான், பூனையையும் வெறுப்பான்.

பூனைக்காரி:
செல்லப்பிராணி வாங்கும்போதே ஒரு கட்டணம் போடுங்கள். தெருவில் விட்டுவிட்டுப் போகிறவனும் வாங்கியவன்தானே.