சேர்ந்து படிக்கும் மாணவர்களின் புள்ளிகள் ஒத்திருப்பது எதனால்? வகுப்பறை ஆய்வொன்றுக்கு ஆலோசனை தேவை

கேள்வி – உவர்மலை ஆசிரியை

வணக்கம். திருகோணமலை நகரப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். எமது விஞ்ஞானக் கழக மாணவர்கள் இம்முறை கண்காட்சிக்கு வழமையான மாதிரியுருக்களை விட்டுவிட்டு, விடை முன்கூட்டியே தெரியாத ஓர் ஆய்வைச் செய்ய விரும்புகிறார்கள். வகுப்பிலுள்ள 40 பேரும் தாம் யாருடன் சேர்ந்து படிக்கிறோம் என்று எழுதிக் கொடுக்க, அவ்வுறவுகளை ஒரு வலையமைப்பாக வரைந்து, ஒவ்வொருவரின் தவணைப் பரீட்சைப் புள்ளியையும் அதில் குறித்தார்கள். சேர்ந்து படிப்போரின் புள்ளிகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்பது வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிகிறது.

நல்ல நண்பரோடு சேர்ந்தால் புள்ளி கூடும் என்ற முடிவுக்கு ஒரு சாரார் உடனே வந்துவிட்டனர். ஆனால் 2022ஆம் ஆண்டுப் பௌதிகவியல் நோபல் பரிசைப் பற்றி வாசித்திருந்த ஒரு மாணவி, குவாண்டம் முறையில் பின்னிப்பிணைந்த (எவ்வளவு விலகினாலும் ஒரே தொகுதியாக நடக்கும்) துணிக்கைகளின் அளவீடுகளும் இவ்வாறே ஒத்துப்போகின்றன என்றும், அந்த ஒத்திசைவுக்குப் பொதுக் காரணம் எதுவும் இல்லை என்று காட்ட அங்கே ஒரு சோதனை இருப்பதுபோல் இங்கேயும் ஒன்றைச் செய்ய முடியாதா என்றும் கேட்டார். அது விட்டுவிடக்கூடிய கேள்வியாக எனக்குப் படவில்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலிருந்து ஒரே பேருந்தில் வருவோர் சேர்ந்து படிக்கிறார்கள். அவர்களே ஒரே தனியார் வகுப்புக்கும் போகிறார்கள். அப்படியானால் நண்பர் காரணமா, தனியார் வகுப்பு காரணமா, பயணத்தில் கழியும் நேரம் காரணமா என்பதை எவ்வாறு பிரித்தறிவது? அடுத்த தவணை தொடங்குமுன் ஆய்வைச் சீராக அமைத்துக்கொள்ள விரும்புகிறோம்.

மறுமொழி – கணுவும் கோடும்

வணக்கம் ரீச்சர். வலையமைப்பு ஆய்வில் பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்ட ஒரு சிக்கலையே உங்கள் மாணவர்கள் தொட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். நண்பர்கள் ஒத்திருப்பதற்கு அவர்கள் ஒருவரையொருவர் மாற்றியது காரணமாகலாம். முன்பே ஒத்திருந்ததால் நண்பர்களானது காரணமாகலாம். இருவரையும் வெளியிலிருந்து ஒரே விடயம் தாக்கியதும் காரணமாகலாம். இம்மூன்றும் வரைபடத்தில் ஒரே தோற்றத்தையே தரும். அவதானித்த தரவுகளை மட்டும் வைத்துக்கொண்டு செல்வாக்கையும் ஒத்தோர் சேர்க்கையையும் பொதுவாகப் பிரிக்க இயலாது என்று கொஸ்மா ஷலிஸியும் அன்ட்ரூ தோமஸும் 2011இல் காட்டினார்கள். மேலும் நுட்பமான கணிப்பு எதுவும் இதற்கு மருந்தாகாது. ஆய்வின் அமைப்பைத்தான் மாற்றவேண்டும்.

இதை மாணவர்களுக்கு உணர்த்த ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் பிரமிங்ஹாம் இதய ஆய்வின் தரவுகளைக் கொண்டு, ஒருவருடைய நண்பர் உடற்பருமன் அடைந்தால் அவரும் அவ்வாறாகும் வாய்ப்பு 57 வீதம் கூடுகிறது என்று கிறிஸ்டாகிஸும் பௌலரும் 2007இல் எழுதினர். அடுத்த ஆண்டே கோஹன்-கோலும் பிளெச்சரும் அதே வகையான பகுப்பாய்வை அமெரிக்கப் பதின்ம வயதினரின் முகப்பரு, தலைவலி, உயரம் ஆகியவற்றின்மீது செலுத்தியபோது, அவையும் நண்பர்களிடையே "தொற்றுவதாக" விடை வந்தது. உயரம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆகவே ஐயம் முழுவதும் முறையின்மீதே விழுகிறது. பருமன் பற்றிய முடிவு பிழை என்று இதனால் நிரூபணமாகிவிடவில்லை. அம்முடிவைத் தாங்க அந்த முறைக்கு வலுப் போதாது என்பதே தெரியவந்தது.

நீங்களும் இதைச் செய்யலாம். புள்ளிகளுக்கு இட்ட அதே கணிப்பை மாணவர்களின் உயரத்துக்கும் இடுங்கள். ஆண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளோடும் பெண்பிள்ளைகள் பெண்பிள்ளைகளோடும் கூடுதலாகச் சேர்வதால், கலவன் வகுப்பில் உயரமும் நண்பர்களிடையே ஒத்திருப்பதாகவே பெரும்பாலும் வரும். பொதுக் காரணம் எப்படி வேலை செய்கிறது என்பதை மாணவர்கள் தங்கள் கையாலேயே அளந்து காண்பார்கள். சாதாரண தரப் பெறுபேற்றையும் இவ்வாறு சோதிக்கலாம். உயர்தரத்தில் கிடைத்த நண்பர் அதற்கு முந்திய பரீட்சையை மாற்றியிருக்க முடியாதல்லவா?

செல்வாக்கை மட்டும் தனியே காண விரும்பினால், யார் யாரோடு சேர்வது என்பதைச் சீட்டுக் குலுக்கலிடம் விடவேண்டும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி விடுதியில் புதிய மாணவர்களுக்கு அறைத்தோழர்கள் எழுமாறாக ஒதுக்கப்பட்டதைப் பயன்படுத்தி புரூஸ் சசர்டோட் 2001இல் வெளியிட்ட ஆய்வில், தோழரின் செல்வாக்கு சராசரிப் புள்ளியிலும் மாணவர் சங்கங்களில் சேர்வதிலும் தெரிந்தது. எந்தப் பாடத்தைச் சிறப்புப் பாடமாகத் தெரிவது என்பதில் தெரியவில்லை. இதே சசர்டோட், கரெல், வெஸ்ட் ஆகியோருடன் 2013இல் வெளியிட்ட ஆய்வை ஆசிரியர்கள் அனைவரும் அறிந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில், பின்தங்கியோருக்குப் பயன்படும் என்ற கணிப்பின் பேரில் அவர்களைத் திறமைமிக்கோருடன் சேர்த்துக் குழுக்களைத் திட்டமிட்டு அமைத்தார்கள். பின்தங்கியோரின் பெறுபேறு கூடவில்லை, குறைந்தது. குழுவுக்குள்ளேயே பின்தங்கியோர் தமக்குள்ளும் திறமையாளர் தமக்குள்ளும் பிரிந்து சேர்ந்துகொண்டதே அதற்கு அவர்கள் கண்ட விளக்கம். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அருகில் இருத்திவிட்டால் போதும் என்று நாம் வகுப்பறைகளில் நம்பிவருவதை இந்த முடிவு நேராகவே தொடுகிறது.

உவர்மலை ஆசிரியை

மிக்க நன்றி. உயரத்தை அளக்கும் யோசனையை மாணவர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் விஞ்ஞானப் பிரிவுக்கு வந்தவர்களில் அநேகமாக எல்லோருமே கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ சித்தி பெற்றவர்கள். ஆகவே சாதாரண தரப் பெறுபேற்றைக் கொண்டு அவர்களுக்கிடையில் வேறுபாடு காண இயலாது. குவாண்டம் பற்றிய மாணவியின் கேள்விக்கும் யாராவது விளக்கம் தருவீர்களா?

மறுமொழி – தென்வானம்

அந்த மாணவியின் கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்கு வருமுன் வானியலில் ஒரு படி ஏறி வர அனுமதியுங்கள், ஏனெனில் பொதுக் காரணத்தை எப்படி அகற்றுவது என்பதற்கு வானியல் தரும் விடை வேறு வகையானது.

விண்மீனைக் குலுக்கல் முறையில் இடம் மாற்றி வைக்க எவராலும் முடியாது. ஒரு விண்மீன் மங்கலாகத் தெரிவது அதன் இயல்பாலா தூரத்தாலா என்பதும் வெறும் பார்வைக்குத் தெரியாது. ஹார்வர்ட் வானாய்வகத்தில் பணிபுரிந்த ஹென்றியெட்டா லெவிற் 1912இல் சிறிய மகெல்லன் முகில் என்ற அயல் விண்மீன் மண்டலத்திலுள்ள, பிரகாசம் மாறிமாறித் துடிக்கும் 25 விண்மீன்களை எடுத்துக்கொண்டு, பிரகாசம் கூடியவற்றின் துடிப்புக் காலம் நீண்டிருப்பதைக் காட்டினார். அவை அனைத்தும் ஏறத்தாழ 2 இலட்சம் ஒளியாண்டு தொலைவில் ஒரே கூட்டத்தில் இருப்பதால், தூரம் என்ற குழப்பும் காரணி எல்லோருக்கும் சமமாகி, கணக்கிலிருந்து தானாகவே விழுந்துவிட்டது. அந்தத் தொடர்பே பின்னர் அந்திரமேடா நம் பால்வீதிக்கு வெளியேயுள்ள இன்னொரு விண்மீன் மண்டலம் என்று ஹபிள் நிறுவ உதவியது. (திருகோணமலையிலிருந்து பார்த்தால் இந்த முகில் தெற்கு அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ 9 பாகை வரைதான் எழும், லெவிற் பயன்படுத்திய ஒளிப்படத் தட்டுகள் பெருவிலுள்ள அரெகிப்பாவில் எடுக்கப்பட்டவை.) ஒரே பேருந்தில் வந்து ஒரே தனியார் வகுப்புக்குப் போவோரை மட்டும் தனியே எடுத்து, அவர்களுக்குள் நண்பர்களையும் நண்பர் அல்லாதோரையும் ஒப்பிட்டால், லெவிற் செய்ததற்கு நிகரான ஒன்றைச் செய்தவர்களாவீர்கள். முழுமையான தீர்வல்ல, ஆனால் நேர்மையான முதற்படி.

இனிக் குவாண்டம். இரு துணிக்கைகளும் புறப்படும்போதே விடைகளைச் சுமந்து செல்கின்றன என்று கொண்டால், அவற்றின் அளவீடுகளுக்கிடையிலான ஒத்திசைவுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்பதை ஜோன் பெல் 1964இல் கண்டார். 1969இல் கிளவுசரும் மற்ற மூவரும் எழுதிய வடிவத்தில், நான்கு அளவீட்டுச் சேர்க்கைகளின் ஒத்திசைவுகளை ஒன்றுசேர்த்துப் பெறும் எண்ணுக்கு அந்த வரம்பு 2. குவாண்டம் கோட்பாடோ ஏறத்தாழ 2.83 வரை அனுமதிக்கிறது. பரிசோதனைகள் 2ஐ மீறியே விடை தந்துள்ளன. ஆகவே புறப்படும்போதே சுமந்துவந்த விடைகள் என்ற பொதுக் காரணத்தால் அந்த ஒத்திசைவை விளக்க முடியாது. கிளவுசர், அஸ்பே, சைலிங்கர் ஆகியோருக்கு நோபல் பரிசு கிடைத்தது இத்துறைப் பணிக்காகவே.

இந்தச் சோதனையை வகுப்பறைக்கு ஏன் கொண்டுவர முடியாது என்பதை மாணவி கவனிக்கவேண்டும். அளக்கும் கணத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் செய்தி போகமுடியாது என்பது அதன் அடிப்படை நிபந்தனை. 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நடந்த சோதனையில் இரு நிலையங்களும் 1.3 கிலோமீற்றர் தள்ளி வைக்கப்பட்டன. ஒளி அத்தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 4.3 மைக்ரோசெக்கன் எடுக்கும், அதற்குள் அளவீடு முடிந்துவிட்டது. மாணவர்களோ தவணை முழுவதும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் தரவில் எந்த எண் வந்தாலும் அதற்குப் பெல் சோதனையின் பொருள் கிடையாது.

எனினும் அச்சோதனையின் இன்னொரு நிபந்தனை உங்களுக்கு அப்படியே பொருந்தும். எந்தத் திசையில் அளப்பது என்ற தெரிவு, துணிக்கைகளைப் பாதித்த எதனாலும் பாதிக்கப்படாததாக இருக்கவேண்டும். இதில் எஞ்சியிருந்த ஐயத்தையும் குறைக்க, சைலிங்கர் குழுவினர் 2018இல் கனரித் தீவுகளின் லா பல்மாவில், எதிரெதிர்த் திசைகளிலுள்ள இரு குவாசர்களின் (மிகத் தொலைவிலுள்ள, மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையங்களின்) ஒளி சிவப்புப் பக்கமா நீலப் பக்கமா என்பதைக் கொண்டே அளவீட்டுத் திசையைத் தெரிந்தனர். ஒன்றின் ஒளி 780 கோடி ஆண்டுகளுக்கு முன்னரும் மற்றையதன் ஒளி 1220 கோடி ஆண்டுகளுக்கு முன்னரும் புறப்பட்டது. தெரிவுகளைப் பாதித்த பொதுக் காரணம் ஒன்று இருந்தால் அது குறைந்தது 780 கோடி ஆண்டுகளுக்கு முந்தியதாகவே இருக்கவேண்டும். உங்கள் வகுப்பில் இந்த வேலையைச் சீட்டுக் குலுக்கல் செய்கிறது. யார் யாருடைய சோடி என்பதை மாணவரின் திறமையோ ஊரோ விருப்பமோ தீர்மானிக்கவில்லை என்பதற்கு அதுவே உறுதி.

மறுமொழி – மூதூர் ஆசிரியர்

ரீச்சர், வகுப்பில் இருக்கை மாற்றினால் பெற்றோர் கேள்வி கேட்பார்கள். ஆய்வுகூடச் செய்முறைக்கு எப்படியும் இருவர் இருவராகப் பிரிக்கிறோம். அந்தச் சோடிகளை மட்டும் தவணைத் தொடக்கத்தில் குலுக்கலால் தீர்மானித்தால் எவருக்கும் பாதிப்பு இல்லை. அதிபரின் அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும்.

நட்பு வரைபடத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை உண்டு. தயவுசெய்து அதைக் கண்காட்சிச் சுவரில் தொங்கவிடாதீர்கள். பெயருக்குப் பதிலாக இலக்கம் இட்டாலும், 40 பேர் உள்ள வகுப்பில் யார் எந்தக் கணு (வரைபடத்தில் ஒருவரைக் குறிக்கும் இடம்) என்பதை மாணவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். யாருமே தன் பெயரை எழுதவில்லை என்பதை ஒரு பிள்ளை ஊர் முன்னிலையில் அறிய நேர்வது எந்த ஆய்வுக்கும் தகுந்த விலையல்ல. பதில்களை நீங்களே வைத்துக்கொண்டு, இலக்கமிட்ட தரவை மட்டும் மாணவர்களிடம் கொடுங்கள்.

மறுமொழி – கணுவும் கோடும்

சேர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். சாதாரண தரப் பெறுபேறு பயன்படாவிட்டால், குலுக்கலுக்கு முன் நடந்த தவணைப் பரீட்சையின் புள்ளியே முன்னளவாகட்டும். தவணை முடிவில் ஒரு சோடியிலுள்ள இருவரின் புதிய புள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள்; இருவரும் ஒரே மேசையில் ஒரே உபகரணத்தோடு வேலை செய்ததும் அதில் கலந்துவிடும். சோடியாக அமைந்தவரின் பழைய புள்ளி, மாணவரின் பழைய புள்ளியின் பங்கைக் கழித்துப் பார்த்தபின், மாணவரின் புதிய புள்ளியைக் கூட்டுகிறதா என்றே கேளுங்கள்.

எவரும் தமக்குத் தாமே சோடியாக முடியாது என்பதால், வகுப்பில் முதலாவதாக நிற்பவருக்குக் கிடைக்கும் சோடி எப்போதும் அவரைவிடக் குறைந்தவரே. இதனால் முழு எழுமாற்றுச் சேர்க்கையிலும் சோடிகளின் பழைய புள்ளிகளுக்கிடையே எதிர்பார்க்கும் இணைபுக் குணகம் (இரு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும், –1 முதல் 1 வரையான எண்) பூச்சியமாக இராது. 40 பேருக்கு அது –1/39. இதைத் தனியே திருத்தத் தேவையில்லை. கணினியில் சோடிகளை ஆயிரம் தடவை கலைத்துச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் அதே கணிப்பைச் செய்து, உண்மையான விடை அந்த ஆயிரத்துள் எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும். 40 பேருக்கு இணைபுக் குணகத்தின் நியம வழு (தற்செயலால் மட்டும் வரக்கூடிய தளம்பலின் அளவு) ஏறத்தாழ 0.16 என்பதால், 0.3க்குக் குறைந்த விளைவு ஒரு வகுப்பில் தெளிவாகத் தெரியாது. அயற்பாடசாலைகள் இரண்டு மூன்று இதே முறையில் சேர்ந்துகொண்டால், ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் தனித்தனியே கலைத்து விடைகளை ஒன்றுசேர்க்கலாம். கணிப்புத் தாளை நான் தயாரித்துத் தருகிறேன். குலுக்கல் நடக்குமுன்பே எந்தக் கணிப்பைச் செய்யப்போகிறோம் என்பதை மாணவர்கள் எழுதி, திகதியிட்டு, அதிபரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிடட்டும்.