இரண்டு ஊர் சர்வே பதிலை எப்படி ஒப்பிடுவது? அவசரம்

முத்தியால்பேட்டை மாணவி: தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் அம்மாக்களிடமும் லாஸ்பேட்டை வீடுகளிலும் "நடமாட சிரமம் எவ்வளவு?" என்று 1 முதல் 5 வரை கேட்டோம். முட்டி வீங்கிப்போன கூடைக்காரம்மா 1 என்கிறார். தினமும் வாக்கிங் போகிற சார் 4 என்கிறார்! சராசரி தலைகீழாக வருகிறது. நாளைக்குள் கைடிடம் காட்டணும், ப்ளீஸ்.

ஓ.டி.க்காரன்: 5 என்றால் அதிக சிரமமா? வயசு என்ன? வாசித்துக் காட்டிக் கேட்டீங்களா? சர்வே முடிஞ்சுதா?

கணக்குப்புலி: ஊருக்கு ஊர் தனியாக இசட் ஸ்கோர் (ஒவ்வொருவர் பதிலும் அந்த ஊர் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி இருக்கு என்ற அளவு) போடுங்க, வேலை முடிஞ்சது.

தரவு வாத்தியார்: போட்டால் இரண்டு ஊர் சராசரியும் பூஜ்யம். அப்புறம் எதை ஒப்பிடுவது? முதல் வருடப் பாடம் ஐயா இது. தங்கச்சி, அமெரிக்க அரசியலறிஞர் கேரி கிங் குழு 2004-இல் எழுதிய கட்டுரையை சர்வேக்கு முன்பே படித்திருக்கணும். எல்லோரிடமும் ஒரே குட்டிக்கதையைச் சொல்லிக் கேட்பார்கள்: "காசியம்மாள் தெருமுனை வரை நடப்பார், மாடி ஏறினால் முட்டி வலிக்கும். இவருக்கு எவ்வளவு சிரமம்?" கூடைக்காரம்மா தனக்கும் 1, காசியம்மாளுக்கும் 1 கொடுத்தால் இருவரும் சமம். வாக்கிங் சார் தனக்கு 4, காசியம்மாளுக்கு 5 கொடுத்தால் அவர் நிலை காசியம்மாளைவிடத் தேவலை. எண்ணை விடுங்கள், இதை ஒப்பிடுங்கள்.

நெய்தல்: அமர்த்தியா சென் 2002-இலேயே சொன்னதுதான். ஆயுள் அதிகமுள்ள கேரளத்தில்தான் நோய் இருப்பதாகச் சொல்பவர்களும் அதிகம், பீகாரில் குறைவு. பேசாமல் நடக்கவிட்டு ஸ்டாப்வாட்ச் பிடிங்க.

தரவு வாத்தியார்: வலிக்கு ஏது ஸ்டாப்வாட்ச்? கதையைச் சொந்தக் கேள்விக்குப் பின்னால் கேட்கணும். இல்லையென்றால் கதை பதிலைக் கெடுத்துவிடும்.

நெய்தல்: அது பழைய பாடம் வாத்தியாரே. டேனியல் ஹாப்கின்ஸ் என்ற ஆய்வாளரும் அதே கிங்கும் 2010-இல் கதையை முன்னால் வைக்கச் சொல்லிவிட்டார்கள். கேள்வி எதைப் பற்றியது என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி பிடிபடுமாம்.

தரவு வாத்தியார்: எனக்கு ஒப்புதல் இல்லை.

ஓ.டி.க்காரன்: சண்டை அப்புறம். சர்வே முடிஞ்சுதான்னே அந்தப் பொண்ணு இன்னும் சொல்லல.

முத்தியால்பேட்டை மாணவி: முடிஞ்சது அண்ணா. 5 தான் அதிகம். வாசித்துத்தான் கேட்டோம்.

நெய்தல்: இரண்டு ஊரிலும் கொஞ்சம் பேரிடம் கதை மட்டும் கேளுங்க. அதை வைத்து மற்றவர்களுக்கும் திருத்தலாம், வயசு, பாலினம், படிப்பு கையில் இருந்தால். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் இதற்கென்றே 'ஆங்கர்ஸ்' என்ற தொகுப்பு உண்டு. ஆனால் தனக்கும் காசியம்மாளுக்கும் ஒருவர் ஒரே கோலால் அளக்கிறார், கதை எல்லோருக்கும் ஒன்றாகவே புரிகிறது என்ற இரண்டும் நிற்கணும். மாடியே இல்லாத தெருவில் மாடிக் கதை எடுபடாது.

கணக்குப்புலி: இசட் ஸ்கோரே போதும்.

முத்தியால்பேட்டை மாணவி: கைடு சரி என்றார். மாடியை எடுத்துட்டு மணலில் கூடையோடு நடப்பதாக வைத்தோம். லாஸ்பேட்டையில் அது புரியுமா?