மோன்சூரியின் 10 பிபிபி: நம்பலாமா, கூடாதா?

கரிசல்காட்டான்:
தரைமட்ட ஓசோன் பற்றிப் பேச்சு எழுந்தாலே, 19ஆம் நூற்றாண்டு அளவீடுகளை "பழங்கதை" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். மேலே நம்மைக் காக்கும் படலத்தைச் சொல்லவில்லை. நாம் மூச்சில் இழுப்பதும் பயிரைக் கருக்குவதுமான கீழ்க்காற்று ஓசோனைச் சொல்கிறேன். பாரிஸின் தென்கோடியில் உள்ள மோன்சூரி ஆய்வகத்தில் ஆல்பெர் லெவி 1876இல் தொடங்கிய அளவீடு 1910 வரை நடந்தது. 1988இல் ஃபோல்ட்ஸ், கிளே என்ற இருவர் அவருடைய கருவியை மறுபடி செய்து சோதித்து, சராசரி 10 பிபிபியை ஒட்டியே இருந்தது என்றார்கள். பிபிபி என்றால் நூறு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு. இன்று ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் 30, 40 சாதாரணம். மூன்று நான்கு மடங்கு! இதில் எதை மறுக்கிறீர்கள்?

வடகாற்று:
அந்த மடங்குக் கணக்கைத்தான். 1839இல் ஓசோனைக் கண்டறிந்த ஷோன்பைன், மாவுச்சத்தும் பொட்டாசியம் அயோடைடும் தோய்த்த தாளைக் காற்றில் தொங்கவிடச் சொன்னார். தாள் நீலமாகும், அதை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு 0 முதல் 10 வரை ஓர் எண் போடுவார்கள். ஊர் ஊராக அப்படித்தான் அளந்தார்கள். காற்று ஈரமாக இருந்தால் ஒரு நிறம், உலர்ந்திருந்தால் வேறொரு நிறம். காற்று வேகமாக வீசினாலும் எண் ஏறும். போதாததற்கு, பார்ப்பவர் கண்ணைப் பொறுத்து நீலமும் மாறும். இதை வைத்தா நூற்றாண்டுக் கணக்கு?

குடுவை:
இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள். லெவி தாளை நம்பியவர் அல்லர். அளந்து எடுத்த காற்றை, அயோடைடு சேர்த்த ஆர்சனைட் (ஆர்சனிக் உப்பு) கரைசலில் குமிழ்களாகச் செலுத்தினார். ஓசோன் எவ்வளவு ஆர்சனைட்டைத் தின்றது என்பதை, மிச்சமிருந்ததை அயோடின் கரைசலால் தரம்பார்த்து (டைட்ரேஷன்) கண்டுபிடித்தார். கல்லூரி ஆய்வகத்தில் பியூரெட்டைப் பிடித்தவர்களுக்கு இது அந்நியமான வேலை அல்ல. தாளை நானும் கைவிடுகிறேன். ஈரப்பதத்தைத் திருத்த முயன்றவர்கள் பட்ட பாடு போதும். லெவியை அதே கையால் தள்ள முடியாது.

வடகாற்று:
முறை நல்லது, இடம் கெட்டது. 1880களின் பாரிஸ் நிலக்கரி எரித்த ஊர். கந்தக டை ஆக்சைடு கரைசலில் இறங்கினால் தரம்பார்க்கும்போது அயோடினைத் தானும் எடுத்துக்கொள்ளும். ஆர்சனைட் மிச்சம் கூடுதலாகத் தெரியும், ஓசோன் குறைவாகத் தெரியும். பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனியுங்கள்: உங்கள் 10க்குச் சாதகமான பக்கம்!

கரிசல்காட்டான்:
ஃபோல்ட்ஸும் கிளேயும் அதைப் பார்க்காமலா விட்டார்கள்? காற்றுத் திசையைப் பிரித்துப் பார்த்தார்கள். தென்மேற்குக் காற்று நகரைத் தொடாமல் வயல்வெளியிலிருந்து வரும். அதையும் நகரைக் கடந்து வந்த காற்றையும் ஒப்பிட்டே கந்தகத்தின் பங்கைத் திருத்தினார்கள். நீங்கள் சொல்லும் குற்றம் அவர்களே சொன்னதுதான்.

வடகாற்று:
திருத்தம் போட்ட எண் திருத்தத்தின் அளவுக்குத்தான் உறுதி. இன்னொன்றையும் கேளுங்கள். தொழிற்சாலைக்கு முந்தைய உலகத்தைக் கணினியில் கட்டினால் தரைமட்டத்தில் 10 எளிதில் வருவதில்லை. 20க்கு மேலேதான் நிற்கிறது. ஓசோன் உருவாக உதவும், மின்னலும் மண்ணும் தரும் நைட்ரஜன் ஆக்சைடுகள், காடுகளின் ஆவிகள், மேலடுக்கிலிருந்து இறங்கும் ஓசோன் எல்லாம் மனிதன் இல்லாமலும் இருந்தவைதானே? 10ஐ எட்ட அந்த இயற்கை மூலங்களை வேண்டுமென்றே குறைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கரிசல்காட்டான்:
கணினி மாதிரிக்குப் பொருந்தவில்லை என்பதற்காக அளவீட்டை வெட்டுவது செருப்புக்காகக் காலை வெட்டுகிற வேலை.

வடகாற்று:
மாதிரியைத் தூக்கி எறியுங்கள், சம்மதம். பனிக்கட்டியை என்ன செய்வீர்கள்? இரண்டு அணுக்களும் ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான வகை) ஆக அமைந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் காற்றில் மிக அரிது. ஓசோன் வேதிவினையின்போது ஆக்சிஜன் அணுக்கள் இணை மாற்றிக்கொள்கின்றன. அது எவ்வளவு வெப்பமான காற்றில் நடந்தது என்பதன் தடயம் அந்த அரிய இணைகளின் எண்ணிக்கையில் தங்குகிறது. கீழடுக்கில் ஓசோன் கூடினால் தடயம் மாறும். கிரீன்லாந்து, அண்டார்க்டிகா பனியில் சிறைப்பட்ட காற்றை இப்படிப் படித்த ஆய்வு 2019இல் வந்தது. 1850 முதல் 2005 வரை கீழ் வளிமண்டல ஓசோன் கூடியது 40 விழுக்காட்டுக்கும் குறைவு. மடங்கு எங்கே, விழுக்காடு எங்கே?

குடுவை:
இங்கேதான் நான் நிறுத்துவேன். பனி சொல்வது தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரம் வரையுள்ள முழுக் காற்றின் கணக்கு. லெவி அளந்தது தரையை ஒட்டிய காற்றை. கீழே இரட்டிப்பானால் மேலேயும் இரட்டிப்பாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே 40 விழுக்காட்டை வைத்து மோன்சூரியைப் பொய் என்று நிறுவ முடியாது; மோன்சூரியை உலகத்துக்கே நீட்டியவர்களைத்தான் கண்டிக்கலாம்.

வடகாற்று:
நீட்டினார்கள் என்பதுதானே என் வழக்கு! ஓர் ஊர், ஓர் ஆய்வகம். அதே 2019இல் பழைய பதிவுகளை எல்லாம் சலித்து எடுத்த இன்னொரு ஆய்வு, தாள் அளவீடுகளை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, 1896 முதல் 1975 வரையான நம்பத்தக்க பதிவுகளை மட்டும் இன்றையவற்றோடு ஒப்பிட்டது. வட அரைக்கோளத்தின் மிதவெப்பப் பகுதிகளில் உயர்வு 30 முதல் 70 விழுக்காடு. இன்று 40 பிபிபி என்று வைத்துக்கொண்டால், அன்று 24 முதல் 31 வரை. 10 எங்கே போயிற்று?

கரிசல்காட்டான்:
1975 வரை எடுத்துக்கொண்டால் காரும் மின்நிலையமும் வந்த காலமும் உள்ளே வந்துவிடுகிறதே. சுவிட்சர்லாந்தின் அரோசா மலையூரில் 1950களின் தொடக்கத்தில் அளந்ததைவிட 1989-91இல் இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே புகை மூட்டமும் இல்லை, நீலத்தாளும் இல்லை. அதற்கு என்ன பதில்?

வடகாற்று:
அரோசா உயர்வை மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு மலைச்சரிவு. எல்லாப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு ஏற்றம் தெரியவில்லை.

கரிசல்காட்டான்:
சரி, ஷோன்பைன் தாளை இன்றோடு விட்டுவிட்டேன். "உலகமெங்கும் நான்கு மடங்கு" என்று இனி எழுதவும் மாட்டேன். ஆனால் தென்மேற்குக் காற்று வீசிய நாட்களில் லெவி 25 பிபிபி காற்றைப் பார்த்து 10 என்று எழுதினார் என்றால், ஆர்சனைட் குடுவையில் மீதி 15 எங்கே ஒளிந்தது என்று யாராவது காட்டட்டும். கருவி மறுபடி செய்யப்பட்டபோது அது ஒளியவில்லையே.