ஆல்ஃபா-சினூக்ளின் நாரிழைச் சோதனை: ஒரே பிளேட்டில் குழிக்குக் குழி நேரம் ஏன் மாறுகிறது?

கயல்_லேப்:

வணக்கம். பார்க்கின்சன் நோயில் நாரிழைகளாகத் திரளும் புரதமான ஆல்ஃபா-சினூக்ளினில், இயல்பான புரதத்தையும் ஏ53டி பிறழ்வையும் (53ஆவது இடத்தில் அலனினுக்குப் பதில் திரியோனின்) திரளும் வேகத்தில் ஒப்பிட வேண்டும். அது சரியாக வந்தால் சில சிறு மூலக்கூறுகளைத் தடுப்பான்களாகச் சோதிப்பது அடுத்த கட்டம்.

செய்முறை இது: பிஎல்21 டிஇ3 (ஈ.கோலை பாக்டீரியா) செல்கள், புரத உற்பத்தியைத் தூண்ட ஐபிடிஜி கொடுத்து 4 மணி நேரம். செல்லை உடைத்து, 95 டிகிரியில் 20 நிமிடம் கொதிக்க வைத்து, சென்ட்ரிஃப்யூஜ் செய்து, மேல் திரவத்தை கியூ காலத்தில் (மின்னேற்றத்தைக் கொண்டு புரதத்தைப் பிரிக்கும் குழல்) ஏற்றி, பிபிஎஸ்ஸில் டயாலிசிஸ். அதன்பின் மைனஸ் 20இல் வைத்திருக்கிறேன். பிளேட்டுக்கு எடுக்கும்போது நானோடிராப்பில் "1 ஆப்ஸ் = 1 மில்லிகிராம்" அமைப்பில் 1.0 காட்டியது, அதை 70 மைக்ரோமோலார் என்று கணக்கிட்டேன். தயோஃபிளேவின்-டி (நாரிழையில் ஒட்டினால் ஒளிரும் சாயம்) 20 மைக்ரோமோலார், 96 குழி கறுப்பு பிளேட், குழிக்கு 100 மைக்ரோலிட்டர், 37 டிகிரி, 600 ஆர்பிஎம் ஆட்டம், மேலே ஒட்டுத்தாள்.

இயல்பான புரதத்தில் ஒரு குழியின் ஒளிர்வு 14 மணி நேரத்தில் ஏறுகிறது, பக்கத்துக் குழி 40 மணி நேரம் எடுக்கிறது, சில குழிகள் 90 மணி நேரமானாலும் அசையவில்லை. ஏ53டியும் இதே போலச் சிதறுவதால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. எல்லாக் குழிகளையும் சராசரி எடுத்துப் போடலாமா? இன்னொன்று: டிடிடி (டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும் பொருள்) இல்லாத ஜெல்லில் 35 கிலோடால்டன் அருகே மங்கலான பேண்ட் தெரிகிறது. இது நோயோடு தொடர்புள்ள டைமரா (இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்ததா)?

நாரிழை:

சராசரி மட்டும் எடுக்க வேண்டாம். 14இல் செங்குத்தாக ஏறும் வளைவையும் 40இல் ஏறும் வளைவையும் கூட்டி வகுத்தால், எந்தக் குழியிலும் நடக்காத ஒரு சாய்வான வளைவு கிடைக்கும். அதிலிருந்து வரும் வேகத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. ஒவ்வொரு குழிக்கும் பாதி உயரத்தை எட்டிய நேரத்தைத் தனித்தனியாக எடுத்து, எல்லாப் புள்ளிகளையும் காட்டுங்கள். ஏறாத குழிகளையும் "ஏறவில்லை" என்றே குறியுங்கள், விட்டுவிடக் கூடாது.

சிதறலுக்கு முதல் காரணம், நடுநிலை பி.எச்.சில் இந்தப் புரதம் கரைசலின் நடுவே தானாகக் கருக்கொள்வது (நாரிழையின் முதல் துணுக்கு உருவாவது) மிக அரிது. காற்றும் நீரும் சந்திக்கும் மேற்பரப்பில்தான் பெரும்பாலும் முதல் கரு உண்டாகிறது. அப்படியானால் குழிக்குள் எவ்வளவு காற்று, எவ்வளவு கலக்கல், குமிழி உண்டா என்பதெல்லாம் நேரத்தை முடிவு செய்யும். 100 மைக்ரோலிட்டர் திரவத்தை 600இல் ஆட்டினால் சில குழிகளில் திரவம் நன்றாகச் சுழலும், சிலவற்றில் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு குழியிலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி மணி ஒன்று போடுங்கள். கலக்கல் எல்லாக் குழிகளிலும் ஒரே மாதிரியாகும், உண்டான நாரிழைகள் ஒடிந்து புதிய முனைகளும் கிடைக்கும். காத்திருப்பும் குறையும், சிதறலும் குறையும். மணிகளை முன்பே அமிலத்தில் கழுவி, நீரில் அலசி உலர்த்தியிருக்க வேண்டும்.

ஓர வரிசைகளைச் சோதனைக்குப் பயன்படுத்தாமல் 200 மைக்ரோலிட்டர் நீரால் நிரப்புங்கள். நாள்கணக்கில் ஓடும்போது ஓரக் குழிகள் வற்றி, உப்பும் புரதமும் செறிந்துவிடும். சாதாரண ஒட்டுத்தாள் 37 டிகிரியில் தளரும். ஒளிபுகும் அலுமினியமற்ற சீல் நல்லது, அல்லது கீழிருந்து படிக்கும் கருவியானால் அலுமினியச் சீல். 0.02 சதவீதம் சோடியம் அசைடும் சேருங்கள். இரண்டு நாளைக்குப் பிறகு பாக்டீரியா வளர்ந்தால் அதுவும் சிக்னலைக் குழப்பும்.

இரண்டாவது காரணம் பெரியது: உங்கள் மோனோமரில் (தனித்தனி மூலக்கூறாக இருக்க வேண்டிய புரதத்தில்) ஏற்கெனவே வித்துகள், அதாவது நாரிழையைத் தொடங்கி வைக்கும் சிறு திரட்சிகள், இருக்கின்றன. மைனஸ் 20இல் மெதுவாக உறைவதும், திரும்பத் திரும்ப உருக்குவதும் திரட்சியைத் தொடங்கி வைக்கும். பாலில் எவ்வளவு உறைமோர் விழுந்தது என்று தெரியாமல் தயிர் எப்போது உறையும் என்று கணக்குப் போட முடியாது, இங்கும் அதேதான். 14 மணியில் ஏறிய குழிக்கு ஒரு துணுக்கு போயிருக்கலாம், 40 மணிக் குழிக்குப் போகாமல் இருக்கலாம்.

எனவே புரதத்தை 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடில் கரைத்து (பழைய திரட்சிகள் அதில் பிரிந்துவிடும்), சோதனை நடக்கும் அதே நாளில் சூப்பர்டெக்ஸ் 75 காலத்தில் (அளவைக் கொண்டு பிரிக்கும் குழல்), சோதனை பஃபரிலேயே ஓட்டுங்கள். மோனோமர் சிகரத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, ஐஸில் வைத்து, அப்படியே பிளேட்டுக்குக் கொண்டு போங்கள். மடிப்பில்லாத புரதம் என்பதால் 14 கிலோடால்டன் இடத்தில் வராது. 50-60 கிலோடால்டன் கோளப் புரதம் வருமிடத்தில் வரும். அதைப் பார்த்து "டெட்ராமர்" (நான்கு மூலக்கூறுகள் சேர்ந்தது) என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் குழல் வசதி இல்லையென்றால் 100 கிலோடால்டன் வடிகட்டியில் கடத்தி, கீழே வந்ததை எடுங்கள். சேமிக்க வேண்டியதைச் சிறு பங்குகளாகத் திரவ நைட்ரஜனில் சட்டென உறைய வைத்து மைனஸ் 80இல் வையுங்கள். ஒரு பங்கை ஒரு தடவைதான் உருக்க வேண்டும்.

ஜெல்பட்டை:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனா உங்க 70 மைக்ரோமோலார் 70 இல்லைங்க.

ஆல்ஃபா-சினூக்ளின்ல டிரிப்டோஃபேன் ஒண்ணுகூடக் கிடையாது, டைரோசின் நாலு மட்டும்தான். 280 நானோமீட்டர்ல மோலார் உறிஞ்சல் கெழு 5960. மூலக்கூறு எடை 14,460. அப்படின்னா மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கரைசல் காட்டுறது 0.41தான். நீங்க 1.0 பார்த்தீங்கன்னா, கரைசல் சுத்தமா இருக்கும் பட்சத்தில், உண்மையில 2.4 மில்லிகிராம், ஏறத்தாழ 168 மைக்ரோமோலார். அடர்த்தி இவ்வளவு தள்ளிப் போனா ஏ53டியோட ஒப்பீடே விழுந்துரும்.

"சுத்தமா இருக்கும் பட்சத்தில்"னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. 280 சிக்னல் இவ்வளவு பலவீனமா இருக்கும்போது கொஞ்சம் டிஎன்ஏ கலந்திருந்தாலும் அளவு எகிறிடும். 220ல இருந்து 350 வரைக்கும் முழு ஸ்பெக்ட்ரம் எடுங்க. 260/280 விகிதம் 1ஐத் தாண்டினா நியூக்ளிக் அமிலம் இருக்கு. உங்க செய்முறையில ஸ்ட்ரெப்டோமைசின் படியே இல்லை. கொதிக்க வெச்சு சுழற்றின மேல் திரவத்துல மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் ஸ்ட்ரெப்டோமைசின் சல்ஃபேட் போட்டு, 4 டிகிரியில 15 நிமிஷம் கலக்கி, சுழற்றினா டிஎன்ஏ அடியில போயிடும். அப்புறம் மில்லிலிட்டருக்கு 361 மில்லிகிராம் அம்மோனியம் சல்ஃபேட். வீழ்படிவை 25 மில்லிமோலார் டிரிஸ், பி.எச். 7.7ல கரைச்சு, அதே பஃபர்ல டயாலிசிஸ் பண்ணிட்டு கியூ காலத்துல ஏத்துங்க. அம்மோனியம் சல்ஃபேட் மிச்சம் இருந்தா புரதம் காலத்துல பிடிக்காம நேரா ஓடி வந்துடும். உப்பைப் படிப்படியா ஏத்தினா 300 மில்லிமோலார் பக்கத்துல புரதம் இறங்கும்.

இப்ப அந்த 35 பேண்ட். மனித ஆல்ஃபா-சினூக்ளின்ல சிஸ்டீனே கிடையாது, அதனால டைசல்ஃபைடு டைமர் வர வழியே இல்லை. ஆனா ஈ.கோலைக்குள்ள ஒரு சிக்கல் இருக்கு: 136ஆவது டைரோசினுக்கு டிஏசி கோடான் (அமினோ அமிலத்தைக் குறிக்கிற மூணெழுத்து டிஎன்ஏ குறி) இருந்தா, பாக்டீரியா சில சமயம் தப்பாப் படிச்சு அங்க சிஸ்டீனை வெச்சிடும். மொத்தப் புரதத்துல 20 சதவீதம் வரைக்கும் இப்படி ஆகலாம்னு 2006லேயே வெளியாயிருக்கு. அந்த சிஸ்டீன்கள் ரெண்டு சேர்ந்தா டைமர். நோயாளி மூளைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இதை "நச்சு டைமர்"னு எழுதிடாம இருக்கணும்ங்கறதுக்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

சோதிக்கறது சுலபம். ஒரே சாம்பிளை டிடிடி போட்டும் போடாமலும் பக்கத்துப் பக்கத்துல ஓட்டுங்க. நடுவுல ஒரு லேன் காலியா விடுங்க, இல்லைன்னா டிடிடி கசிஞ்சு வரும். பேண்ட் மறைஞ்சா அதுதான். மாஸ் ஸ்பெக்ல 14,460க்குப் பக்கத்துல 14,400ல இன்னொரு சிகரம் தெரியும்: டைரோசினுக்கும் சிஸ்டீனுக்கும் 60 டால்டன் வித்தியாசம். தீர்வு, கோடானை டிஏடின்னு மாத்தறது. ஒரே ஒரு எழுத்து, புரத வரிசை மாறாது. டிடிடி போட்டே சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க. டைமர் உடையும், ஆனா சிஸ்டீன் வெச்ச மோனோமர் அப்படியே கலவையில இருக்கும்.

கயல்_லேப்:

இருவருக்கும் மிக்க நன்றி. டிடிடி போட்டதும் பேண்ட் முழுக்க மறைந்துவிட்டது. பிளாஸ்மிட் வரிசையில் 136இல் டிஏசிதான். இரண்டு கட்டமைப்பிலும் டிஏடியாக மாற்ற பிரைமர் ஆர்டர் செய்கிறேன். ஒரு சந்தேகம்: தற்செயலான கருவே பிரச்சினை என்றால், நானே வித்துகளைச் சேர்த்து எல்லாக் குழிகளையும் ஒன்றாகத் தொடங்க வைத்து ஏ53டியை ஒப்பிடலாமா? தடுப்பான்களுக்கும் அதே முறை போதுமா?

குளிர்வலை:

வித்து முறையில் சிதறல் போய்விடும், ஆனால் நீங்கள் கேட்கும் கேள்வியும் மாறிவிடும். நடுநிலை பி.எச்.சில் 5 சதவீதம் வித்து சேர்த்து, ஆட்டாமல், புரதம் ஒட்டாத பிளேட்டில் வைத்தால் நீங்கள் அளப்பது நாரிழை நீளும் வேகத்தை மட்டும். குடும்பவழிப் பிறழ்வுகளில் அந்த வேகம் பெரிதாக மாறுவதில்லை. வேறுபாடு இருப்பது கரு உண்டாவதிலும், இருக்கும் நாரிழையின் பக்கவாட்டில் புதியவை கிளைப்பதிலும். எனவே நீளும் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு "ஏ53டிக்கு விளைவில்லை" என்று எழுதினால் தவறான முடிவு. இரண்டாம் நிலைக் கருவைப் பார்க்க, பி.எச். 5.5 அருகே, மோனோமரில் 0.1 சதவீதத்துக்கும் குறைவான வித்து வைத்து ஆட்டாமல் ஓட்டுங்கள். முதல் கருவுக்கு, எதிர்மின்னேற்றமுள்ள லிப்பிட் குமிழிகளோடு ஒரு தொகுதி. மூன்றையும் பிரித்து அளந்தால்தான் பிறழ்வு எந்தப் படியைத் தொடுகிறது என்று சொல்ல முடியும்.

வித்து தயாரிக்க: 300 மைக்ரோமோலார் மோனோமர், 37 டிகிரி, 1000 ஆர்பிஎம், 7 நாள். சுழற்றி, வீழ்படிவை எடுத்து, மேலே மிஞ்சிய மோனோமரை அளந்து கழித்து வித்தின் அளவைக் கணக்கிடுங்கள். சோனிகேட் செய்தபின் (ஒலி அலையால் உடைத்தபின்) துண்டுகள் 50 நானோமீட்டர் நீளத்துக்கு வந்தனவா என்று எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். நீளமான துண்டுகள் அதே எடையில் குறைவான முனைகளையே தரும். ஒரு தயாரிப்புக்கும் அடுத்ததற்கும் ஒப்பீடு நிற்காது.

இங்கே பாதுகாப்பு பற்றி: சோனிகேட் செய்யும்போது எழும் நுண்துளிகளில் வித்துகள் இருக்கும். மூடிய குழாயில், கப்-ஹார்ன் வகையில் செய்வதே நல்லது. வெறும் எத்தனாலால் மேசையைத் துடைத்தால் நாரிழை போகாது. 1 சதவீத எஸ்டிஎஸ் கரைசலால் துடைத்து, பிறகு நீரால் துடையுங்கள். பைபெட்டுக்கு வடிகட்டி வைத்த முனைகள். மோனோமர் தயாரிக்கும் இடமும் நாரிழை கையாளும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. உங்கள் மர்ம வித்துகள் அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

தடுப்பான்களுக்குத் தயோஃபிளேவின் மட்டும் போதவே போதாது. உதாரணம் குர்குமின்: மஞ்சளின் இந்த மூலக்கூறு 430 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும், தயோஃபிளேவினைத் தூண்டுவதோ 440இல். நாரிழை அப்படியே இருக்க, வளைவு மட்டும் தாழும். நாரிழையில் சாயம் ஒட்டும் அதே இடத்தில் மருந்தும் ஒட்டினாலும் இதே போலித் தோற்றம். இதைப் பிரிக்க, முழுதாக வளர்ந்த நாரிழையில் சாயம் சேர்த்து, சிக்னலைப் பார்த்து, அதன்பின் மருந்தைச் சேருங்கள். உடனே சிக்னல் விழுந்தால் அது ஒளியியல் குறுக்கீடு, தடுப்பு இல்லை.

எந்த மருந்தானாலும் கடைசியில் ஒவ்வொரு குழியையும் எடுத்து 1,00,000 ஜி-யில் ஒரு மணி நேரம் சுழற்றி, மேல் திரவத்தை ஜெல்லில் ஓட்டுங்கள். மோனோமர் பேண்ட் ஜெல்லில் 17-18 கிலோடால்டன் அருகே வரும், 14இல் அல்ல. அது குறையாமல் இருந்தால் நாரிழை உண்மையிலேயே தடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கிரீன் டீயின் ஈஜிசிஜி போன்றவை நாரிழைக்குப் பதில் உருவமற்ற திரட்சிகளுக்குப் புரதத்தைத் திருப்பிவிடும். அவற்றில் சில சுழற்றினாலும் மேலேயே நிற்கும். அதனால் யுரேனைல் அசிடேட் சாயமிட்ட கிரிடு ஒன்றையும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். டிஎம்எஸ்ஓ அளவு மருந்துக் குழிக்கும் கட்டுப்பாட்டுக் குழிக்கும் ஒன்றாக, 1 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

பஃபரின் உப்பையும் மாற்றாதீர்கள். உப்புச் செறிவு மாறினால் வேறு வடிவ நாரிழை வளரும், வளைவு மட்டுமல்ல, மருந்து ஒட்டும் இடமும் மாறும். மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபி (எம்எஸ்ஏ; ஆல்ஃபா-சினூக்ளின் திரளும் இன்னொரு நரம்பு நோய்) நோயாளிகளின் மூளையிலிருந்து எடுத்த நாரிழைகளின் கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கி அமைப்பு 2020இலும், பார்க்கின்சன் மூளையின் நாரிழை அமைப்பு 2022இலும் வெளிவந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று வேறு. குழாயில் வளர்த்த நாரிழைகளிலிருந்தும் வேறு. குழியில் வேலை செய்யும் மூலக்கூறு கிடைத்தால், அடுத்து நோயாளி மாதிரியின் வித்திலிருந்து பெருக்கிய நாரிழையிலும் சோதித்துவிட்டுச் செல் பரிசோதனைக்குப் போங்கள். செல்லுக்குப் போகும் முன் எண்டோடாக்சினை (ஈ.கோலையிலிருந்து வரும் நச்சுப்பொருளை) டிரைட்டன் எக்ஸ்-114 கொண்டு மோனோமர் நிலையிலேயே நீக்க வேண்டும். இல்லையென்றால் மைக்ரோகிளியா (மூளையின் நோயெதிர்ப்பு) செல்கள் தூண்டப்படுவது நாரிழையாலா, பாக்டீரிய எச்சத்தாலா என்று பிரிக்க முடியாது.

ஜெல்பட்டை:

ஒண்ணு சேர்த்துக்கறேன். கோடான் மாத்தறப்பவே என்-முனை அசிடைலேஷனையும் (புரதத்தோட தொடக்க முனையில அசிடைல் தொகுதி சேர்றது) யோசிங்க. மனித மூளையில இந்தப் புரதம் அசிடைல் ஆகித்தான் இருக்கு, ஈ.கோலைல ஆகாது. நாட்-பி நொதி பிளாஸ்மிட்டைக் கூடவே ஏத்தினா ஆகிடும், மாஸ் ஸ்பெக்ல 14,502 வரணும். இயல்பானதையும் ஏ53டியையும் ஒரே நாள்ல, ஒரே பஃபர் பாட்டில்ல தயாரிங்க. பிளேட்டுல ரெண்டையும் தனித்தனி பாதியா வைக்காம மாத்தி மாத்தி வைங்க. கருவியோட ஒரு ஓரம் அரை டிகிரி சூடா இருந்தாக்கூட அது பிறழ்வோட விளைவு மாதிரித் தெரியும்.