கொள்ளிடக் கழிமுகத் தீவிலும் முத்துப்பேட்டைக் காயலிலும் படமெடுப்பது எப்படி?

கேள்வி: மயிலாடுதுறை வாசகர்

நண்பர்களுக்கு வணக்கம். பத்து ஆண்டுகளாகக் கோயில் சிற்பங்களையும் தேர்த் திருவிழாக்களையும் படமெடுத்து வருகிறேன். கேமராவுடன் கடற்கரைக்குப் போனது சென்ற மார்கழியில்தான். கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் தீவாக இருக்கும் கொடியம்பாளையத்தில் இரண்டு நாள் சுற்றி நானூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்ததும் மனம் சோர்ந்துவிட்டது. காலையில் எடுத்தவற்றில் வானம் வெளிறிப்போய், படகுகளும் ஆட்களும் வெறும் கரிய நிழல்களாக நிற்கிறார்கள். நண்பகல் படங்களிலோ மணல், கடல், வானம் மூன்றும் ஒரே சாம்பல் நிறம். ஊர்மக்கள் கேமராவைக் கண்டதும் கைவேலையை விட்டுவிட்டு நேராக நின்று சிரிக்கிறார்கள். மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி மட்டும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த நொடியிலும் நான் பொத்தானை அழுத்திவிட்டேன். அது இன்னமும் உறுத்துகிறது.

தை மாதத்தில் நான்கு நாள் விடுப்பு கிடைக்கும்போல் இருக்கிறது. கொடியம்பாளையத்துக்கு மறுபடியும் போய்விட்டு, அங்கிருந்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் போகலாம் என்று நினைக்கிறேன். கையில் 18-55, 70-300 மில்லிமீட்டர் என்று இரண்டு லென்ஸ்கள் உள்ளன. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: தரங்கம்பாடிக்காரர்

வணக்கம். உங்கள் படங்கள் கருத்துப்போனதற்கு லென்ஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் நின்ற திசைதான் காரணம். நம் கரை கிழக்கு பார்த்தது. காலையில் கடலை நோக்கி நின்றால் சூரியன் நேரே கண்ணுக்கு எதிரில் இருக்கும். அந்த ஒளியில் கேமராவின் ஒளியளக்கும் மீட்டர் வானத்தை அளந்துகொண்டு ஆட்களைக் கைவிட்டுவிடும். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் சூரிய உதயம், படகு, நிழலுரு என்று ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்று கரையைப் பாருங்கள். விடியுமுன் போன ஃபைபர் படகுகள் எட்டு, ஒன்பது மணி வாக்கில் கரையேறும்போது, உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து வரும் வெயில் அத்தனை முகங்களிலும் பொன்போல விழும். படகைத் தள்ளுகிறவரின் கழுத்து நரம்பு, அன்னக்கூடையில் துள்ளும் சங்கரா மீனின் சிவப்பு, ஏலம் கேட்கும் பெண்களின் விரல் அசைவு என்று தீவின் வாழ்க்கை முழுவதும் அந்தப் பக்கம்தான் நடக்கிறது. கடலைத்தான் எடுக்க வேண்டுமென்றால் மாலை நான்கு மணிக்குமேல் கிழக்கே திரும்புங்கள். அப்போது வெயில் முதுகுப் பக்கமிருந்து விழுவதால் அலை பச்சையாகவும் நுரை வெண்மையாகவும் பிரிந்து தெரியும்.

நண்பகல் சாம்பல் நிறத்துக்கு, லென்ஸின் முன் மாட்டித் திருப்பும் போலரைசர் வடிகட்டி ஓரளவு உதவும். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் உள்ள வானத்தில்தான் அதன் பயன் மிகுதி. சூரியனை நோக்கியோ அதற்கு நேர் எதிரேயோ திருப்பினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. 18 மில்லிமீட்டரில் அதைப் பயன்படுத்தினால் வானத்தின் ஒரு மூலை மட்டும் கருநீலமாகித் திட்டாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஈர மணலின் பளபளப்பையும் இலைகளின் மேல் மின்னும் ஒளியையும் குறைப்பதற்கே நான் அதை எடுத்துப் போகிறேன்.

பதில் 2: பழையாறு மகள்

நான் மீனவர் வீட்டுப் பெண். உங்கள் கேள்வியில் ஒளியைப் பற்றிய பகுதியைவிட அந்தப் பாட்டியைப் பற்றிய வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது.

எங்கள் ஊர்களுக்குக் கேமராவோடு வருகிறவர்கள் நிறையப் பேர். சுனாமி வந்த 2004-க்குப் பிறகு பல நாள், அழுதுகொண்டிருந்த முகங்களைத் தேடித் தேடி எடுத்தார்கள். அந்தப் படங்கள் எங்கே போயின என்று எடுக்கப்பட்டவர்களுக்கு இன்றுவரை தெரியாது. முகத்தை மறைத்துக்கொள்ளும் பாட்டிக்குப் பின்னால் இப்படி ஏதாவது ஒன்று இருக்கக்கூடும். ஆகவே முதல் நாள் கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்து இன்னார், இன்ன ஊர், இதற்காக வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். டீக்கடையில் உட்காருங்கள். வலை கட்டும் கொட்டகைக்குப் போய், கேட்டுவிட்டு ஓரமாக அமருங்கள்.

அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கிழிந்த வலையைப் பின்னுகிறவர் வலையின் ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொள்வார். இடது கையில் கண்ணி விரிந்திருக்கும். வலது கையில் வலை ஊசி ஓடும். ஒவ்வொரு முடிச்சுக்கும் அந்தப் பெருவிரல் சற்றே பின்னுக்கு வளைந்து நூலை இறுக்கும். என் அப்பாவின் பெருவிரலில் நூல் அறுத்த தழும்பு வரிவரியாக இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து எடுத்த எந்தப் படத்திலும் அந்தக் கால் இல்லை. எல்லாரும் முகத்தையே எடுத்துக்கொண்டு போனார்கள். அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் யாரும் உங்களுக்காக நிமிர்ந்து சிரிக்க மாட்டார்கள். வேலை அவர்களை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பிச்சாவரம் பக்கம் போனால், கழுத்தளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்ப்பீர்கள். பிடித்ததைப் போடும் கூடையான பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவுவார்கள். ஈர உடையோடு இருப்பவர்களைக் கேட்காமல் தூரத்திலிருந்து 300 மில்லிமீட்டரில் எடுக்காதீர்கள். கரையேறிய பிறகு பேசுங்கள். சம்மதித்தால் பறியையும் அந்தக் கைகளையும் எடுங்கள்.

பதில் 3: வேதாரண்யம் உப்பளம்

கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உப்புக்காற்று பட்ட லென்ஸை உலர்ந்த துணியால் ஒருபோதும் துடைக்காதீர்கள். உப்புத் துகள் கண்ணாடிப் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதுகுமிழால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மென்துணியால் ஒற்றி எடுங்கள். கடற்கரையில் லென்ஸ் மாற்ற வேண்டாம். ஏசி அறையில் தங்கினால் கேமராவைப் பையோடு சிறிது நேரம் வெளியே வைத்திருந்து பிறகு திறங்கள். இல்லாவிட்டால் உள்ளே நீர் பூத்துவிடும். எங்கள் பக்கம் உப்பளத்துக்கு வந்தால், வெண்மையைக் கண்டு மீட்டர் ஏமாந்து படத்தைக் கருக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், அதாவது ஒளியை இரு மடங்காக்குங்கள்.

பதில் 4: காயல்வாசி, முத்துப்பேட்டை

முத்துப்பேட்டைக்கு வருவதற்கு முன் வனத்துறையிடம் அனுமதி பெற வேண்டும், ஜாம்பவானோடையிலிருந்து படகு. டிரோன் கொண்டுவர நினைத்திருந்தால் அதற்குத் தனியே எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.

தரங்கம்பாடி நண்பர் சொன்ன திசைக் கணக்கு இங்கே மாறிவிடும். கோடியக்கரையில் கரை மேற்கே மடங்கிவிடுவதால் எங்களுக்குக் கடல் தெற்கே இருக்கிறது. ஆகவே காலையிலும் மாலையிலும் பக்கவாட்டு ஒளி கிடைக்கும். சேற்றுக்கு அதைவிட நல்ல ஒளி இல்லை. வற்றம், அதாவது கடல்நீர் இறங்கி நிற்கும் நேரம் பார்த்து வாருங்கள். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் காயல் ஆழமற்றதென்பதால் ஒரு சாண் நீர் இறங்கினாலே பரந்த சேற்றுத்திடல் வெளியே வந்துவிடும். வற்றம் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் கூடுதலாக இறங்கும். படகோட்டியைக் கேட்டால் நேரத்தைச் சரியாகச் சொல்வார்.

அப்போது அலையாத்தியின் மூச்சுவேர்கள் பென்சில்களை நட்டுவைத்ததுபோல் ஆயிரக்கணக்கில் நிற்கும். அவற்றினிடையே ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் அந்தக் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருக்கும். சேற்றின்மேல் தத்தித் தாவும் மீன்களையும் பார்க்கலாம். படகிலிருந்து குனிந்து, சேற்று மட்டத்துக்குக் கேமராவை இறக்கி எடுங்கள். படகு ஆடிக்கொண்டே இருக்குமாதலால் ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். அலையாத்தி இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள்: மரம் உறிஞ்சிய உப்பை இலை வெளியேற்றி, பொடிப் படிகங்களாகப் பூத்திருக்கும். 18-55 லென்ஸே அதற்குப் போதும்.

2018 நவம்பரில் வந்த கஜா புயல் இந்தக் காட்டை எப்படி முறித்துப்போட்டது என்பதை நேரில் கண்டவன் நான். பட்டுப்போன அடிமரங்களைக் கண்டால் அவற்றையும் எடுங்கள். பசுமையை மட்டும் எடுத்துப் போனால் காட்டின் கதை பாதிதான். ஒரு நாள் மீதமிருந்தால் கோடியக்கரைக்குப் போகலாம். தையில் பூநாரைகள் இருக்கும். அவை எழுந்து பறக்கும்படி நெருங்காதீர்கள். இரை தேடும் நேரம் அவற்றுக்கு அரிது. எந்தப் பறவையின் காலிலாவது வளையம் தெரிந்தால் எழுத்து புரியும்படி எடுத்து வனத்துறையிடம் தெரிவியுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அமாவாசையை ஒட்டிய நாள்களாகப் பார்த்து விடுப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். பாட்டியின் படத்தை இன்று காலை அழித்துவிட்டேன். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் படங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை, அவையும் வீண்தானா?

பழையாறு மகள்

வீணில்லை, அண்ணா. அவற்றைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துப்போய் அவரவர் கையில் கொடுங்கள். எங்கள் ஊரில் பலர் வீட்டுச் சுவரில் இருப்பது கல்யாணப் படம் ஒன்றுதான். அட்டை நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள்.