திசை டயர், உள்-வெளி டயர், அளவு மாறிய டயர்: இடம் மாற்றிய பிறகு கண்டவை

(தேய்மானம் சமமாக வேண்டுமென்று டயர்களை ஒன்றின் இடத்தில் ஒன்றாக மாற்றி மாட்டியவர்களின் பதிவுகள். ஒவ்வொன்றின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

தார்ச்சாலை

225/45 ஆர்17 டயர் (அகலம் 225 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம்), வி வடிவப் பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்), நாலும் ஒரே மாடல், முன் சக்கர இழுவைக் கார். 8,000 கி.மீ. ஆனதும் முன்னவற்றை நேராகப் பின்னுக்கும், பின்னவற்றைக் குறுக்கே முன்னுக்கும் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். காய்ந்த சாலையில் ஒரு குறையும் தெரியவில்லை. சத்தம் இல்லை, இழுப்பு இல்லை, பிரேக் சரியாக இருந்தது.

மழை நாளில் தேங்கிய தண்ணீருக்குள் 80-ல் இறங்கியதும் ஸ்டியரிங் சட்டென்று இலேசாகிவிட்டது. திருப்பினால் திரும்புகிறது, ஆனால் வண்டி திரும்பவில்லை. ஆக்ஸிலேட்டரைக் கூட்டாமலே என்ஜின் சத்தம் ஏறுகிறது, ஏனென்றால் முன் சக்கரம் தண்ணீரின் மேல் சும்மா சுற்றுகிறது. அந்த இரண்டு விநாடிதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

வண்டியை ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தால் முன் இரண்டு டயரிலும், சுற்ற வேண்டிய திசையைக் காட்டும் பக்கச் சுவர் அம்புக்குறி பின்னோக்கி இருந்தது. வி பட்டனின் வேலை நடுவில் சேரும் தண்ணீரை இரண்டு ஓரத்துக்கும் தள்ளிவிடுவது. தலைகீழாகச் சுற்றினால் அதே பள்ளங்கள் ஓரத்துத் தண்ணீரை நடுவுக்குக் கூட்டி வரும். அளந்தபோது பட்டன் ஆழம் 5 மி.மீ. மிச்சம். அதாவது டயர் தேயவில்லை, மாட்டிய பக்கம்தான் தவறு.

இப்படி ஒரே திசையில் மட்டும் சுற்ற வேண்டிய திசை டயர் என்றால் இடது முன் ↔ இடது பின், வலது முன் ↔ வலது பின், அவ்வளவுதான். சரிபார்க்க, சக்கரத்தைச் சுற்றி அம்புக்குறியை மேல் பகுதிக்குக் கொண்டு வாருங்கள். அம்பு காரின் முன்பக்கத்தைக் காட்ட வேண்டும். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு நிமிட வேலை.

உள்வெளி

தார்ச்சாலை சொன்னது திசை டயருக்குச் சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு "பெர்ஃபார்மன்ஸ் டயர் எதையுமே குறுக்கே மாற்றக் கூடாது" என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். இன்று வேகக் கார்களில் அதிகம் இருப்பது உள்-வெளி டயர். பக்கச் சுவரில் அம்பு இருக்காது, 'அவுட்சைடு' என்று ஒரு பக்கம், 'இன்சைடு' என்று மறுபக்கம் எழுதியிருக்கும். 'அவுட்சைடு' எழுத்து வெளியே தெரிந்தால் போதும், எந்தத் திசையில் சுற்றினாலும் அதற்குச் சரியே.

"குறுக்கே போனால் எதிர்த்திசையில் சுற்றுமே" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். ஒரே அச்சில் வார்த்த டயர்தான் இடப்பக்கமும் இருக்கிறது, வலப்பக்கமும் இருக்கிறது. இரண்டிலும் 'அவுட்சைடு' வெளியே. அப்படியென்றால் ஏதோ ஒரு பக்கத்து டயர் மற்றதற்கு எதிர்த்திசையில்தான் முதல் நாளிலிருந்தே சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ரிம்மில் திருப்பி ஏற்றிவிட்டால் கதை வேறு. ஒரு காரில் வலது வளைவில் மட்டும் பின்பக்கம் நழுவியது, இடது வளைவில் பிடித்து நின்றது. அலைன்மென்ட் பார்த்தார்கள், சஸ்பென்ஷன் புஷ் பார்த்தார்கள், ஷாக் அப்சார்பர் வரை போய்விட்டார்கள். கடைசியில் இடது பின் டயரில் வெளியே தெரிந்த எழுத்து 'இன்சைடு'. பஞ்சர் ஒட்டியபோது திருப்பி ஏற்றியிருக்கிறார்கள். இந்த டயரில் வெளியோரப் பட்டன் பெரிது, விறைப்பு அதிகம், வளைவின் சுமையைத் தாங்க அப்படிச் செய்கிறார்கள். தண்ணீர் வெளியேற்றும் அகலப் பள்ளம் பெரும்பாலும் உட்பக்கம் இருக்கும். வலது வளைவில் சுமை இடது சக்கரத்தின் வெளியோரத்தில் விழும். அங்கே இளகிய உட்பக்கப் பட்டன் இருந்தால் நழுவாமல் என்ன செய்யும்?

முழுச்சுற்று

சத்தத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 60-க்கு மேல் "ஊம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம், வேகம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. வீல் பேரிங் போய்விட்டது என்று சொல்லி பின் ஹப் (சக்கரம் பூட்டும் குடம்) இரண்டையும் மாற்றிய கார் அது. மாற்றிய பின்னும் சத்தம் அப்படியே. பின் டயரில் உள்ளங்கையை வைத்து, சுற்று வாக்கில் ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பு. எதிர்ப்பக்கம் தடவியதும் ரம்பப் பல் மாதிரி கையைக் கீறியது. அந்த ஒரு தடவலை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு ஹப் மிச்சம்.

ஒவ்வொரு பட்டனிலும் ஒரு விளிம்பு உயர்ந்து மறுவிளிம்பு தாழ்ந்து தேய்வது இது. முன் இழுவைக் காரின் பின் டயரில் அதிகம் வரும். இழுக்கும் வேலை அதற்கில்லை, பிரேக் வேலை மட்டும்தான், எனவே தேய்மானம் ஒரே பக்கமாகச் சாய்கிறது. இடத்தை மாற்றாமல் ஓட்ட ஓட்டக் கூடிக்கொண்டே போகும்.

கையை அகல வாக்கில் தடவும்போது கீறினால் அது வேறு நோய். டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கெட்டிருக்கிறது, அலைன்மென்ட் செய்யாமல் டயரை மட்டும் இடம் மாற்றினால் நல்ல டயரும் கெடும்.

பேரிங்கா டயரா என்று தெரிய: சீரான வேகத்தில் இலேசாக இடம் வலம் திருப்பிப் பாருங்கள், சுமை மாறும்போது சத்தமும் மாறினால் பேரிங். தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறியதும் சத்தத்தின் தன்மை மாறினால் டயர். இன்னொன்று, ரம்பத் தேய்மானம் வந்த டயரை முன்னுக்குக் கொண்டுவந்ததும் முதலில் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்கும். பயந்துபோய்த் திரும்ப மாட்ட வேண்டாம். முன்னால் இழுவையும் திருப்பலும் சேர்ந்து மெல்ல மெல்லச் சமமாக்கும்.

கேம்பர்காரன்

தார்ச்சாலை, "அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டீர்கள், அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. டயரில் தேய்மானம் ஒரு வகை அல்ல. முழுச்சுற்று சொன்ன ரம்பத் தேய்மானம் ஒன்று, அது எதிர்த்திசையில் சுற்றினால் சரியாகும். உள்ளோரத் தேய்மானம் இன்னொன்று, அது ஓரம் மாறினால்தான் சரியாகும். எந்த டயரில் எது முடியும் என்பதைப் பட்டன் வடிவம்தான் முடிவு செய்கிறது.

திசை டயரை ஒரே பக்கத்தில் முன்பின் மாற்றினால் இந்த இரண்டில் ஒன்றுகூட நடக்காது. சுற்றும் திசை அதே, ஓரமும் அதே. முன் அச்சின் வேலையும் பின் அச்சின் வேலையும் மட்டும் பங்கிடப்படும். நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்ந்திருப்பது) 2 டிகிரி வைத்த காரில் வெளியோரம் 5 மி.மீ. இருக்க, உள்ளோரம் நூல் தெரியும் அளவுக்கு வந்துவிடும். அப்படி ஒரு டயரைப் பார்த்தேன். நின்றபடி பார்த்தால் புதுசு, ஜாக்கியில் ஏற்றி உட்பக்கம் விளக்கடித்தால் கம்பி.

திசை டயரை ரிம்மிலிருந்து கழற்றி, இடது டயரை வலது ரிம்மில் ஏற்றுங்கள். அம்பு முன்னோக்கி இருக்க வேண்டுமென்றால் இதுவரை உள்ளே இருந்த சுவர் வெளியே வந்தே தீரும். அதாவது தேய்ந்த உள்ளோரம் வெளியோரமாகிவிடும். இதைப் பாதி ஆயுளில், ஓரம் 4 மி.மீ. இருக்கும்போதே செய்ய வேண்டும்.

உள்-வெளி டயரில் இதற்கு வழியே இல்லை, உள்ளோரம் சாகும்வரை உள்ளோரம்தான். குறுக்கே மாற்றினால் ரம்பம் மட்டும் சரியாகும். ஆகவே கேம்பர் அதிகம் வைப்பவர்கள் டயர் வாங்கும்போதே இதை யோசிக்க வேண்டும்.

கழற்றி ஏற்றுவதில் கவனிக்க வேண்டியது: சுவர் உயரம் 40 சதவீதத்துக்குக் கீழே உள்ள டயரின் சுவர் விறைப்பானது. ரிம்மில் பதியும் டயர் விளிம்பான பீடு-ஐ ரிம்மிலிருந்து விடுவிக்கும்போது வால்வு இருக்கும் இடத்தில் அழுத்தக் கூடாது, காற்றழுத்த சென்சார் உடையும். சோப்பு லூப்ரிகன்ட் இல்லாமல் இழுத்தால் பீடு கிழியும். ஏற்றியதும் நாலுக்கும் பேலன்சிங் கட்டாயம்.

அகலப்பின்

நாலும் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டே எல்லாரும் பேசுகிறீர்கள். முன் 245/40 ஆர்19, பின் 275/35 ஆர்19 உள்ள நாலு சக்கர இழுவைக் கார். கணக்குப் போட்டால் முன் விட்டம் 678.6 மி.மீ., பின் 675.1. வித்தியாசம் 3.5 மி.மீ., அரை சதவீதம். நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டுதான் வடிவமைத்திருக்கிறது. பின் டயர் முன்னதை விட 2 மி.மீ. அதிகம் தேய்ந்தால் விட்டத்தில் இன்னும் 4 மி.மீ. குறையும். மொத்தம் 7.5, ஒரு சதவீதத்தைத் தாண்டியாயிற்று. அந்த நிலையில்தான் இந்தக் கார் நேர்ச்சாலையிலேயே அதிரத் தொடங்கியது. மெதுவாக முழு வளைவு எடுத்தால் தடக் தடக் என்று இடித்தது. முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பங்கிடும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கிளட்ச் ஓயாமல் வேலை செய்திருக்கிறது.

அளவு மாறிய காரில் முன்பின் மாற்றவே முடியாது. பட்டன் உள்-வெளி என்றால் அதே அச்சில் இடம் வலம் மாற்றலாம். திசை டயர் என்றால் கேம்பர்காரன் சொன்ன மாதிரி ரிம்மிலிருந்து கழற்றித்தான். திசையும் உள்-வெளியும் சேர்ந்த டயர் சில உண்டு, இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனி வார்ப்பு. அது இருந்தால் எதுவும் செய்வதற்கில்லை.

டயர் அளவு நாலும் ஒன்றாக இருந்து ரிம் அகலம் மட்டும் முன் 8.5, பின் 9.5 அங்குலம் என்று இருக்கும் கார்களையும் கவனியுங்கள். சக்கரத்தோடு மாற்றினால் பின் ரிம் முன்னால் பிரேக் காலிப்பரில் உரசலாம்.

டார்க்ரெஞ்ச்

அலாய் வீல் ஒன்று ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. உள்ளே இருந்து சுத்தியலால் அடித்து ரிம்மை வளைத்துவிட்டார்கள். பார்த்தது இவ்வளவுதான். ஆனால் யாரும் மாட்டும் முறையைச் சொல்லாததால் எழுதுகிறேன்.

கழற்றும் முன் ஒவ்வொரு டயரிலும் சாக்பீஸால் இடம் எழுதுங்கள்: இமு, வமு, இபி, வபி (இடது முன், வலது முன், இடது பின், வலது பின்). ஆழத்தை உள்ளோரம், நடு, வெளியோரம் என்று மூன்று இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நடு மட்டும் அளப்பது அளக்காததற்குச் சமம். போல்ட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்துங்கள். ஜாக்கியைக் கையேடு காட்டும் இடத்தில் மட்டும் வையுங்கள், தூக்கியதும் ஸ்டாண்டு. மின்சாரக் காரில் ஜாக்கி பேட்டரிப் பெட்டியில் படவே கூடாது. ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் முதலில் ஜாக் மோடு போடுங்கள், இல்லையென்றால் தூக்கத் தூக்க அது தானாகச் சரிசெய்யப் பார்க்கும்.

ஒட்டிக்கொண்ட வீலுக்கு: போல்ட்டை இரண்டு சுற்றுத் தளர்வில் விட்டுக் காரைக் கீழே இறக்கி, முன்னும் பின்னும் ஓரடி நகர்த்தினால் விட்டுவிடும். பிறகு ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் துருப்போகத் தேயுங்கள். அங்கே ஒரு துருச்செதிள் இருந்தால் ரிம் சாய்ந்து உட்காரும், 100-ல் ஸ்டியரிங் நடுங்கும், பேலன்சிங் செய்தும் போகாது.

போல்ட் மரையில் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். டார்க் அளவு, அதாவது எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற எண், காய்ந்த மரைக்குச் சொல்லப்படுவது. எண்ணெய் இருந்தால் அதே அளவில் போல்ட் அதிகமாக இழுபடும். கூம்புத் தலை, உருண்டைத் தலை என்று இரண்டு உண்டு, வேறு ரிம் போட்ட காரில் கலந்துவிடக் கூடாது. கையால் முழுவதும் முறுக்கி, நட்சத்திர வரிசையில் இரண்டு தவணையாக இறுக்குங்கள். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில்தான், காற்றுத் துப்பாக்கியில் அல்ல. பல கார்களுக்கு 100 முதல் 140 நியூட்டன் மீட்டர், உங்கள் எண்ணைக் கையேட்டில் பாருங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை.

மழைமுன்

டார்க்ரெஞ்ச் அளக்கச் சொன்னது முக்கியம், ஆனால் அளந்த பிறகு "மாற்றாமல் விடு" என்ற முடிவும் வரலாம். முன் இழுவைக் காரில் 20,000 கி.மீ. தொடாமல் விட்டிருந்தார்கள். முன் 3 மி.மீ., பின் 6.5. அந்த நிலையில் இடம் மாற்றியதும் 3 மி.மீ. டயர் பின்னுக்குப் போயிற்று. ஈரத்தில் வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்ட நொடியில் பின்பக்கம் முன்னால் வந்து நின்றது.

முன் பிடி போனால் வண்டி நேரே போகும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடிக்கும். பின் பிடி போனால் சுழலும், சுழன்ற பின் செய்ய ஒன்றுமில்லை. அதனால் வித்தியாசம் 2 மி.மீ. தாண்டியிருந்தால் இடம் மாற்றாதீர்கள். முன் இரண்டையும் தேயவிட்டு ஜோடியாகப் புதிது வாங்கி, புதியதைப் பின்னால் போடுங்கள். இளகிய ரப்பர் டயருக்கு 10,000 வரை காத்திருக்கவும் வேண்டாம், 5,000 முதல் 8,000-க்குள் முடித்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

தார்ச்சாலை

கேம்பர்காரன் சொன்ன ஓர மாற்றம் சரி, ஏற்கிறேன். ஆனால் ரிம்மிலிருந்து கழற்றுகிறவர்கள் முடித்ததும் நாலு அம்பையும் மறுபடி பார்க்க வேண்டும்.

காற்றைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. முன் 36, பின் 33 பிஎஸ்ஐ என்று இருக்கும் காரில் சக்கரம் இடம் மாறினாலும் காற்று பழையபடியே இருக்கும். குளிர்ந்த டயரில், மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, புதிய இடத்துக்குரிய அளவை வையுங்கள். பிறகு மெனுவில் அழுத்தக் கண்காணிப்பை ரீசெட் செய்யுங்கள். வால்வில் சென்சார் உள்ள சில கார்கள் ஓடும்போது தானாகவே இடத்தைக் கற்றுக்கொள்ளும். சிலவற்றில் கருவி வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இடது பின் டயரில் காற்று இறங்கும்போது திரை இடது முன்னைக் காட்டும்.